படகுக்கு ஒரு வைத்தியர்

புதுச்சேரியிலிருந்து விடிகாலையில் கிளம்பும் டைவிங் படகில் ஓட்டுநர் இருப்பார், பயிற்சியாளர் இருப்பார், காற்று சிலிண்டர்களும் ஆக்சிஜன் பெட்டியும் இருக்கும். யாரும் ஏற்பாடு செய்யாமலே ஒரு வைத்தியரும் ஏறியிருப்பார். படித்தது கணினிப் பொறியியல். பிழைப்பது பழைய மகாபலிபுரம் சாலையில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில். வைத்தியம் பார்ப்பது சனி, ஞாயிறு மட்டும். கட்டணம் கிடையாது, நோயாளியின் சம்மதமும் தேவையில்லை.

அவரை அடையாளம் காண்பது எளிது. மற்றவர்கள் எல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் அடுத்தவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால் போதும், இடத்தைவிட்டு நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

“ப்ரோ, இது எத்தனை நாளா இருக்கு?”

“எது?”

எது என்று தெரியாதவரிடம்தான் அவருக்கு உற்சாகம் அதிகம். முதலில் சரித்திரப் பாடம். கடலுக்குள் இறங்கப் போடும் வெட்சூட்டை உருவாக்கியவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். 1952 வாக்கில் கலிபோர்னியாவில் இருந்துகொண்டு, நுண்குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் நுரையை உடம்போடு ஒட்டப் போட்டால், உள்ளே தண்ணீர் புகுந்தாலும் குளிராது என்று யோசித்தவர். அதற்கு முன் லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். இதுவரை எல்லாம் சரி. அதிலிருந்து வைத்தியர் எடுக்கும் முடிவுதான் அவருக்கே உரியது: “அணுகுண்டு செஞ்ச ஆளு கண்டுபிடிச்ச டிரெஸ் ப்ரோ. அரிக்காம இருக்குமா?”

இப்படிப்பட்டவரை ஜனங்கள் ஏன் நம்புகிறார்கள் என்றால், ஒரு விஷயத்தில் அவர் நிஜமாகவே கெட்டிக்காரர். உராய்வுச் சிராய்ப்பு அவருக்குக் கைவந்த கலை. கழுத்துப் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் உள்மடிப்பு என்று சூட் தேய்க்கும் இடங்களை வரிசையாகச் சொல்வார். உப்புத் தண்ணீரில் ஊறிய தோலில் ரப்பரின் தையல் விளிம்பு ஒவ்வொரு அசைவுக்கும் அறுக்கும், காலையில் ஷேவ் செய்த கழுத்து இன்னும் சீக்கிரம் புண்ணாகும், தொளதொள சூட்டும் தேய்க்கும், பிடித்து இறுக்கும் சூட்டும் தேய்க்கும் என்று விளக்குவார். உள்ளே லைக்ராவில் ராஷ் கார்ட் போடச் சொல்வார். விளிம்பு படும் இடத்தில் தடவிக்கொள்ளத் தண்ணீர் அடிப்படையிலான வழவழப்புக் களிம்பு கொடுப்பார். பெட்ரோலியம் ஜெல்லியைப் பார்த்தாலே கையிலிருந்து பிடுங்கிவிடுவார். அது நியோப்ரீனுக்கும் அதன் பசைக்கும் ஆகாது என்று சூட் தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள். ஈரச் சூட்டுக்குள் கால் நுழையாமல் தவிக்கும் புதியவருக்கு, பாதத்தில் ஒரு கேரி பேக்கை மாட்டிவிட்டு இழுக்கச் சொல்லித் தருவார். கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். படகே கைதட்டும். வினை அங்கேதான் ஆரம்பம். கேரி பேக் பலித்துவிட்ட பிறகு அவர் சொல்வதை எவரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அப்போது பையிலிருந்து ட்யூப் வெளியே வரும்.

வால் பக்கம் சுருட்டிச் சுருட்டி, இன்னும் பாதி மீதமிருக்கும் ட்யூப். அரிப்பு, தடிப்பு, படை, கொப்புளம், வேர்க்குரு, பூச்சிக்கடி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. அதன் உள்ளே இருப்பது வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று தெரியாதவன் கொத்தையே தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரி. இப்படிப்பட்ட களிம்புகளைச் சீட்டில்லாமல் வாங்கிப் பூசுவதைத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டித்து வருகிறார்கள். 2018-இல் மத்திய அரசே பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. காரணம், தொடை இடுக்கில் வரும் படையின் மேல் ஸ்டீராய்டு பட்டால் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடும்; பூஞ்சை அடங்காது. வைத்தியர் வெற்றிக்கொடி நாட்டிவிட்டு ஊர் திரும்பியிருப்பார். படை மெல்ல இடுப்பைத் தாண்டியிருக்கும்.

படகுக்காரர்களுக்கு அவர் பழகிப்போனவர். சூட் மாட்டிவிடும் வீராம்பட்டினத்துப் பையன் மட்டும் அவ்வப்போது வாயைக் கொடுப்பான்.

“சார், உங்க சூட்டு மீன் மார்க்கெட் மாதிரி நாறுது சார். அலச மாட்டீங்களா?”

“உப்புத் தண்ணியில ஊறினது தம்பி. உப்புதான் கிருமிநாசினி. கருவாடு கெட்டுப்போகுதா?”

“கருவாட்ட காய வெப்பாங்க சார். நீங்க டிக்கியில வெக்கிறீங்க.”

இதற்குப் பதில் இல்லை. ஞாயிறு மாலை காரின் டிக்கியில் சுருட்டிப் போட்ட ஈரச் சூட்டை அடுத்த சனிக்கிழமை விடிகாலையில்தான் அவர் பிரிப்பார். ஈரத்தில் செழித்து வளரும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கு அது சொந்த வீடு. அது ரோமக்கால்களுக்குள் புகுந்தால், சூட் மூடியிருந்த இடமெல்லாம் சில மணி நேரத்திலோ சில நாளிலோ சின்னச் சின்னச் சீழ்ப் பருக்கள் கிளம்பும். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, வெட்சூட் ஷாம்பூ போட்டு ஊறவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் வரவே வராது. வெயிலில் காயப்போட்டால் நியோப்ரீன் வெடித்துப்போகும். வாடகைச் சூட் என்றால் கடைக்காரர் இதைச் செய்கிறாரா என்று கேட்டுவிட வேண்டும்.

சூட்டுக்குள் சிறுநீர் கழிப்பது பற்றியும் வைத்தியரிடம் ஒரு கொள்கை உண்டு. உடம்பு தண்ணீருக்குள் மூழ்கியதும் கைகால் ரத்தம் மார்புப் பக்கம் ஏறுகிறது. உடம்பு அதை நீர் கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு சிறுநீரகத்தை முடுக்கிவிடுகிறது. ஆகவே அவசரம் வருவது யாருடைய குற்றமும் இல்லை. நம் வைத்தியர் அதோடு நிறுத்துவதில்லை. “யூரின் ஒரு நேச்சுரல் ஆன்டிசெப்டிக் ப்ரோ. ஜெல்லி மீன் கடிச்சாலும் அதான் மருந்து.” இதைச் சொன்ன மாத்திரத்தில் அவர் பெஞ்சில் இரண்டு பக்கமும் இடம் காலியாகும். நிஜத்தில் அது கிருமியையும் கொல்லாது, ஜெல்லி மீன் விஷத்தையும் முறிக்காது. மணிக்கணக்கில் தோலோடு ஒட்டியிருந்தால் அதுவே எரிச்சலைக் கூட்டும்.

ஜெல்லி மீன் விஷயத்தில் அவர் கொடுக்கும் இன்னொரு ஆலோசனை இதைவிட மோசம். ஃப்ளோரிடா, கரீபியன் பக்கத்துக் கடல்களில் சில பருவங்களில் கண்ணுக்குத் தெரியாத ஜெல்லி மீன் குஞ்சுகள் மிதக்கும். அவை உடைக்குள் மாட்டிக்கொண்டு, உடை மூடிய இடத்தில் மட்டும் கொட்டித் தள்ளும். ஒருமுறை அங்கே போய்வந்த ஒருவர் தன் கதையைச் சொல்ல, வைத்தியர் உடனே, “சூட்டோட அப்படியே ஷவர்ல நின்னிருக்கணும் ப்ரோ” என்றார். வெடிக்காமல் ஒட்டியிருக்கும் கொட்டும் அணுக்கள் நல்ல தண்ணீர் பட்டால் வெடிக்கும். சூட்டை முதலில் கழற்றிவிட்டு அப்புறம் குளிக்க வேண்டும். அதைத் துவைக்காமல் மறுபடி போட்டால் உலர்ந்த பிறகும் கொட்டும். கதை சொன்னவருக்கு இது தெரியும், அவர் பட்டவர். சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். படித்தவர்கள் சும்மா இருப்பதில்தான் வைத்தியர்களின் தொழில் ஓடுகிறது.

ஒரே ஒருமுறை அந்தத் தொழில் தடைபட்டது. இரண்டாவது டைவ் முடிந்து கரை திரும்பும் வழியில் ஓர் இளைஞர் வயிறு அரிக்கிறது என்று சூட்டை இறக்கினார். வயிற்றிலும் இடுப்பிலும் பளிங்குக் கல்லில் ஓடும் கோடுகளாக நீலமும் சிவப்பும் கலந்த திட்டுகள். “வெயிட் பெல்ட் அழுத்தினது ப்ரோ” என்று வைத்தியர் ட்யூபின் மூடியைத் திருகினார்.

“அத மூடுங்க” என்றார் பயிற்சியாளர். அதட்டலாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் அதட்டி யாரும் பார்த்ததில்லை. இளைஞரைப் படுக்கவைத்து, ஆக்சிஜன் மாஸ்க்கைப் பொருத்தி, மருத்துவருக்குப் போன் போட்டார். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாகிவிட்டால் தோலில் இப்படித் தெரியலாம். தோலோடு நிற்காமல் நரம்பு மண்டலத்தையும் தொட்டிருக்கலாம். டைவ் முடிந்து சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ இப்படிப் பளிங்குத் திட்டு வந்தால் எந்தக் களிம்புக்கும் அங்கே வேலையில்லை. ஆக்சிஜனும் மருத்துவரும்தான். பயிற்சியாளர் நிமிர்ந்து வைத்தியரைப் பார்த்து, “மாஸ்க் வெச்ச நேரத்த எழுதுங்க. கை கால் மரத்துப்போகுதான்னு அப்பப்ப கேட்டு அதையும் எழுதுங்க” என்றார். அவர் கரை சேரும்வரை எழுதினார். கையெழுத்து அழகாக இருந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அந்த இளைஞர் நலமாகிவிட்டார். வைத்தியருக்குத்தான் மனசு ஆறவில்லை. தன் ட்யூப் தோற்றதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ஏனென்றால் அவர் உடம்பில் அது என்றுமே தோற்றதில்லை. சனிக்கிழமை டைவ் அடிப்பார். திங்கட்கிழமை ஆபீசில் கழுத்தும் மணிக்கட்டும் கணுக்காலும் சிவந்து தடித்து அரிக்கும். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு ட்யூபைத் தடவுவார். புதன்கிழமைக்குள் அடங்கிவிடும். வருடக்கணக்கில் நடந்துவரும் இந்த வெற்றியே அவருடைய மருத்துவப் படிப்பு.

ஒரு வாரம் அடங்கவில்லை. கழுத்தில் தொடங்கி மணிக்கட்டில் முடியும் சிவப்பு, ஓரம் வெட்டினாற்போல இருந்தது. சூட்டின் நகல் ஒன்றை உடம்பிலேயே வரைந்த மாதிரி. மனைவி இழுத்துக்கொண்டு போய்த் தோல் மருத்துவர் முன்னால் உட்காரவைத்தார். மருத்துவர் முதுகில் வரிசையாகச் சிறு பட்டைகளை ஒட்டினார். நியோப்ரீன் பதமாக உறைவதற்குச் சேர்க்கும் தயோயூரியா வகை ரசாயனங்கள், பசையில் வரும் பிசின், அவருடைய சூட்டிலிருந்தே கத்தரித்த ஒரு துண்டு. நாற்பத்தெட்டு மணி நேரம் முதுகு நனையக் கூடாது. பிரித்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தபோது தயோயூரியா ஒட்டிய இடமும் சூட் துண்டு ஒட்டிய இடமும் சிவந்திருந்தன. ஒவ்வாமை. பல வருடம் போட்டுப் பழகியவருக்கும் திடீரென்று வரும். தொட்ட அன்றைக்கே காட்டாமல் ஒன்றிரண்டு நாள் கழித்துக் காட்டும். ஸ்டீராய்டு அதைத் தற்காலிகமாக அமுக்கியதால்தான் ட்யூப் அவருக்குத் தெய்வமாகத் தெரிந்திருக்கிறது.

மருத்துவர் சொன்ன வைத்தியம் எளிமையானது. புதுச்சேரிக் கடல் பெரும்பாலான மாதங்களில் 27 டிகிரிக்கு மேல். நியோப்ரீன் இல்லாமல் முழு லைக்ரா உடையே போதும். தடிப்பு வந்தால் அளவான களிம்பு, குறித்த நாளுக்கு மட்டும். ட்யூப் குப்பைக்கு.

இத்தோடு படகுக்கு விமோசனம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை அவர் நீலநிற லைக்ராவில், கையில் ட்யூப் இல்லாமல், முன்பைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நோய் தீர்ந்த களை முகத்தில் தெரிந்தது. ஆனால் கண்கள் கடலைப் பார்க்கவில்லை. வீராம்பட்டினத்துப் பையன் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தான். வைத்தியர் இடத்தைவிட்டு நகர்ந்து வந்தார்.

“தம்பி, இது தயோயூரியா.”

“கொசு கடிச்சுது சார்.”

“அப்படித்தான் தோணும். எனக்கும் ஏசின்னுதான் தோணுச்சு. வெட்சூட்ல போடுற கெமிக்கல் தம்பி.”

“நான் என்னிக்கு சார் வெட்சூட்டு போட்டேன்? கைலிதான கட்டியிருக்கேன்!”

வைத்தியர் குனிந்து அவன் கைலியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

“இதுல ஒரு துண்டு வெட்டிக் குடு. டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாப்போம்.”