ஐந்தாவது ஆள்

நாலு பேர் சேர்ந்து ஒரு தொழிலை முப்பது வருஷம் சண்டையில்லாமல் நடத்தினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சண்டை போட்டுக்கொண்டே நடத்தினார்கள் என்றால் நம்பலாம். மேற்கத்திய சங்கீதத்தில் அதற்கு ஸ்ட்ரிங் குவார்டெட் என்று பெயர். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. குச்சியை ஆட்ட கண்டக்டர் கிடையாது, தாளம் போட ஆள் கிடையாது. முதல் வயலின்காரர் மூக்கால் 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சை இழுப்பார். மற்ற மூவரும் அதே நொடியில் வில்லை நரம்பில் வைப்பார்கள். முன்வரிசையில் இடம் கிடைத்தால் அந்த மூச்சு நமக்கும் கேட்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து லண்டனுக்குக் கணக்கெழுதப் போனவன் நான். அங்கே விக்மோர் தெருவில் ஒரு மண்டபம். 1901இல் பெக்ஸ்டீன் என்ற ஜெர்மன் பியானோ கம்பெனி கட்டியது. முதல் உலகப் போரில் எதிரி சொத்து என்று பறிமுதலாகி, விற்கப்பட்டு, 1917இல் விக்மோர் ஹால் என்ற புதுப் பெயரோடு திறந்தது. இருக்கைகள் சுமார் 550. சங்கீதம் கேட்கத்தான் போனேன். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? வில் நரம்பைத் தொடும் முன்பே மனசு தலைகளை எண்ணிவிடும். வசூலில் மண்டபச் செலவைக் கழி, ஏஜென்ட் கமிஷனைக் கழி, ரயிலும் ஓட்டலும் கழி, மிச்சத்தை நாலால் வகு. விடையைப் பார்த்தால் கலைமேல் மரியாதையும் கலைஞர்மேல் கவலையும் ஒரே சமயத்தில் கூடும்.

அப்போது அங்கே சிங்கங்களாக வலம் வந்தவர்கள் அமேடியஸ் குவார்டெட்காரர்கள். கறுப்புக் கோட்டு, நரைத்த தலை, நாலும் ஆண்கள். பிரைனின், நிஸல், ஷிட்லாஃப் மூவரும் 1938இல் ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவிலிருந்து ஓடிவந்த யூதப் பையன்கள். அடைக்கலம் கொடுத்த பிரிட்டன், போர் தொடங்கியதும் அவர்களை 'எதிரி நாட்டார்' என்று முகாமில் அடைத்தது. முகாமில்தான் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். ஆக, இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற குவார்டெட்டை உருவாக்கிய பெருமையில் ஒரு பங்கு, அவர்களைப் பிடித்து அடைத்த அதிகாரிகளுக்கும் சேர வேண்டும். வெளியே வந்ததும் மாக்ஸ் ரோஸ்டல் என்ற ஆசிரியர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். செல்லோவுக்கு உள்ளூர்க்காரர் மார்ட்டின் லவெட் சேர்ந்தார். விக்மோர் ஹாலை வாடகைக்கு எடுக்க நூறு பவுண்டு கொடுத்தவர் இமோஜன் ஹோல்ஸ்ட், இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்டின் மகள். 1948 ஜனவரி 10 அரங்கேற்றம். 1987இல் ஷிட்லாஃப் இறந்தார். மற்ற மூவரும் வேறு வியோலாக்காரரைத் தேடவில்லை, கடையை மூடிவிட்டார்கள்.

இதில் கணக்கனுக்குப் பிடித்த வரி அந்த நூறு பவுண்டு. வாசித்தவர்கள் நாலு பேர். ஐந்தாவதாக ஒருவர் பணம் கட்டினார். பழைய கணக்குகளைப் புரட்டினால் இந்த ஐந்தாவது ஆள் எல்லா இடத்திலும் இருக்கிறார்.

வியன்னாவில் 1808இல் முன்பு ரஷ்யத் தூதராக இருந்த ரஸுமோவ்ஸ்கி, ஷுப்பான்சிக் என்ற வயலின்காரரின் தலைமையில் ஒரு குவார்டெட்டை ஆயுள் சம்பளத்துக்கு அமர்த்தினார். நம் ஊர் சமஸ்தான வித்வான் ஏற்பாடேதான். ஆனால் இந்தப் பிரபு சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். தோன்றினால் தானே இரண்டாம் வயலினை எடுத்து உட்கார்ந்துவிடுவார். சம்பளம் கொடுப்பவர் அபசுரம் வாசித்தால் யார் சொல்வது? 1814ஆம் வருஷக் கடைசி நாள், ரஷ்யச் சக்கரவர்த்திக்கு விருந்து வைத்தபோது அரண்மனை தீப்பிடித்தது. பிரபு நொடித்துப்போனார். கொஞ்ச காலத்தில் குவார்டெட்டும் கலைந்தது. ஷுப்பான்சிக் ரஷ்யாவுக்குப் பிழைக்கப் போனார்.

அமெரிக்காவில் கெர்ட்ரூட் விட்டல் என்ற சீமாட்டி, முப்பதுகளில், லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்கு ஸ்ட்ராடிவாரி என்ற புகழ்பெற்ற வாத்தியத் தச்சர் செய்த ஐந்து வாத்தியங்களைத் தானம் செய்தார். வாத்தியங்கள் நூலகத்தில் இருக்கும். வாசிப்பவர்கள்தான் அங்கே வர வேண்டும். 1940 முதல் 1962 வரை அங்கே வாசித்தது புடாபெஸ்ட் குவார்டெட். அதில் ஹங்கேரிக்காரர் ஒருவர்கூட இல்லை. நாலு பேரும் ரஷ்யச் சாம்ராஜ்யத்தில் பிறந்தவர்கள். பெயர் நல்ல பெயர், எதற்கு மாற்றுவானேன்?

இப்போது அதே விக்மோர் ஹாலுக்குப் போகிறேன். தாள் புரட்டும் சத்தம் போய்விட்டது. ஸ்டாண்டில் ஐபேட், கீழே ஷூ நுனியால் மிதிக்க ஒரு பெடல், மிதித்தால் பக்கம் திரும்புகிறது. மேடையில் பெண்கள் இருக்கிறார்கள், கோட்டைக் காணோம். நியூயார்க்கின் எமர்சன் குவார்டெட் 2002 வாக்கில் நின்றுகொண்டே வாசிக்க ஆரம்பித்தது. செல்லோக்காரருக்கு மட்டும் ஒரு சின்ன மேடை போட்டு உட்கார வைத்தார்கள். இன்னும் பல இளைஞர்கள் நிற்கிறார்கள். முதுகுவலிக்காரர்களாகிய நாங்கள் கீழே உட்கார்ந்து அவர்களுக்காக வருத்தப்படுகிறோம்.

வாசிப்பு கெட்டுப்போச்சா என்றால், அதுதான் இல்லை. பேத்தோவனின் ஓப்பஸ் 127 குவார்டெட்டை 1825 மார்ச்சில், ரஷ்யாவிலிருந்து திரும்பிவிட்ட ஷுப்பான்சிக் அரங்கேற்றியபோது ஒத்திகை போதாமல் சொதப்பிவிட்டது. பேத்தோவன் கோபித்துக்கொண்டு வேறொருவரிடம் கொடுத்தார். இன்றைக்கு இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் அதை ஒரு சுரம் பிசகாமல் வாசித்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறார்கள். அமேடியஸ்காரர்களின் சில பழைய பதிவுகளை இவர்களிடம் போட்டுக் காட்டினால் சுருதி விலகும் இடத்தில் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஆனால் ஆள் போனால் கடை மூடும் வழக்கம் மலையேறிவிட்டது. டகாச் குவார்டெட் 1975இல் புடாபெஸ்டில் தொடங்கியது. பெயருக்குச் சொந்தக்காரரான முதல் வயலின்காரர் 1993இல் விலகினார், பெயர் விலகவில்லை. 2018க்குப் பிறகு ஆரம்ப நால்வரில் மிஞ்சியவர் செல்லோக்காரர் ஃபேயர் மட்டும். ஜூலியார்ட் குவார்டெட் 1946இல் பிறந்தது; நிறுவியவர் ராபர்ட் மான் 1997இல் ஓய்வு பெற்ற பிறகும் பள்ளியின் பெயரோடு நடக்கிறது. எமர்சன்காரர்கள்தான் 2023இல் பழைய பாணியில் தாங்களே கும்பிடு போட்டு எழுந்தார்கள்.

ஐந்தாவது ஆள் மட்டும் வேஷம் மாறியிருக்கிறார். டகாச்சுக்கு கொலராடோ பல்கலைக்கழகம், எமர்சனுக்கு ஸ்டோனி புரூக். அரண்மனை போய்ப் பல்கலைக்கழகம் வந்தது. மாசச் சம்பளம் அப்படியே. விமானத்தில் வேறு ஐந்தாவது டிக்கெட் உண்டு: செல்லோவுக்கு முழு இருக்கை, பெல்ட் சகிதம். லின் ஹாரெல் என்ற பெரிய செல்லோக் கலைஞர் தன் செல்லோ பறந்த மைல்களையும் கணக்கில் சேர்த்துவந்தார். 2012இல் விமானக் கம்பெனி இருவர் கணக்கையும் மூடிவிட்டது.

வாத்தியத்தின் விலையோ கேட்கவே வேண்டாம். நூறு பவுண்டு உதவியில் மேடையேறிய ஷிட்லாஃப் பிற்காலத்தில் வாசித்தது 1719ஆம் வருஷத்து ஸ்ட்ராடிவாரி வியோலா. 2014இல் அது ஏலத்துக்கு வந்தது. கேட்ட குறைந்தபட்ச விலை 4.5 கோடி டாலர். வாங்க ஆள் வரவில்லை. வாசிக்கக் கிடைத்தால் போதும் என்று ஏங்கியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் ஏலத்தில் அதற்கெல்லாம் மதிப்பில்லை.

இந்தக் காலத்துக் குழந்தைகளிடம் பிரபுவும் இல்லை, சீமாட்டியும் இல்லை. அதனால் ஒரு பிரபுவை நூறாக நறுக்கி 'நண்பர்கள் திட்டம்' என்று வைத்திருக்கிறார்கள். வருஷச் சந்தா கட்டினால் நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர் வரும். போன மாசம் ஒரு இளம் குவார்டெட்டிடமிருந்து எனக்கும் கடிதம் வந்தது. ரஸுமோவ்ஸ்கி கதையையெல்லாம் சொல்லி, நூற்றில் ஒரு பங்கு பிரபுவாகலாமா என்று வீட்டில் கேட்டேன்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தாராளமா குடுங்க. அதுக்காக ரெண்டாவது வயலின் நான் வாசிக்கிறேன்னு கிளம்பிடாதீங்க. பாவம், அந்தப் புள்ளைங்க உங்ககிட்ட வேண்டாம்னு சொல்ல முடியாது."