எட்டுத் தடமும் ஈராயிரம் பேரும்

மாஸ்டர்ஸ் நீச்சல் என்று வழங்கப்படுவது, பள்ளி, கல்லூரி அணிகளில் இடம்பெறும் வயதைக் கடந்தவர்கள், ஊதியமோ ஒலிம்பிக் கனவோ இன்றி, உடல்நலத்துக்காகவும் தோழமைக்காகவும், பக்கத்தில் நீந்துபவரை ஒருமுறையேனும் முந்திவிட வேண்டும் என்ற, வெளியே சொல்லிக்கொள்ளாத ஆசைக்காகவும் நீந்துகிற ஏற்பாடாகும். அமெரிக்காவில் இதனை நடத்திவரும் யு.எஸ். மாஸ்டர்ஸ் ஸ்விம்மிங் என்னும் அமைப்பில் 18 வயது நிரம்பிய எவரும் சேரலாம். வேகமாக நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இத்தகைய அமைப்பு தேசியச் சாம்பியன் போட்டி நடத்த முற்படும்போது, எவரையும் விலக்கக் கூடாது என்ற தன் கொள்கையையும், சிலரையாவது விலக்காமல் தேசியப் போட்டி நடத்த இயலாது என்ற உண்மையையும் ஒரே குளத்தில் இறக்கிவிட நேர்கிறது. இவ்விரண்டும் முட்டிக்கொள்ளும் ஓசையே குளக்கரையில் நெரிசலாகக் கேட்கிறது.

தொடக்கத்தில் இந்த இடர்ப்பாடு இருக்கவில்லை. நடுவயதினர் உடற்பயிற்சியை இடையில் கைவிடாதிருக்க ஓர் இலக்கு வேண்டும், போட்டி அந்த இலக்காக அமையும் என்று ரான்சம் ஆர்தர் என்ற கடற்படை மருத்துவர் கருதினார்; பயிற்சியாளர் ஜான் ஸ்பனத் அதற்கு வடிவம் கொடுக்கத் துணைநின்றார்; 1970 மே மாதம் டெக்சஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் முதல் தேசியப் போட்டி நடந்தபோது நீந்த வந்தவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. இன்றோ, இளவேனிற்காலத்தில் 25 கெஜக் குளத்திலும் கோடையில் 50 மீட்டர்க் குளத்திலுமாக ஆண்டுக்கு இரண்டு தேசியப் போட்டிகள் நடைபெறுகின்றன. நல்ல ஊராக வாய்த்துவிட்டால் இளவேனிற்காலப் போட்டிக்கு ஈராயிரம் பேர் வரை திரள்கின்றனர். மருத்துவர் ஒருவரின் அறிவுரையை மக்கள் இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றுவது அரிது. அனைவரும் ஒரே வாரத்தில் அதனைப் பின்பற்ற வந்து நிற்பதுதான் போட்டி அமைப்பாளரின் துன்பம்.

கூட்டத்தை ஈர்க்கும் முதற்காரணம் வயது வகுப்பு முறை. 18 முதல் 24 வரை ஒரு வகுப்பு, அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு வகுப்பு என்று நூறு வயதைக் கடந்தவர்கள் வரை பிரித்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே முதல் பத்து இடங்களுக்குப் பரிசு வழங்குவதால், மற்ற இடங்களில் மறைத்துவைக்கப்படும் வயது இங்கே ஆவலோடு எதிர்பார்க்கப்படுகிறது. 49 வயதில் தன் வகுப்பில் பதினைந்தாவதாக வந்தவர், வேகம் ஒரு நொடியும் கூடாமலேயே, ஐம்பதை எட்டியதும் அடுத்த வகுப்பின் இளைஞராக மறுபிறவி எடுக்கிறார். மீட்டர்க் குளப் போட்டிகளில் அவ்வாண்டின் டிசம்பர் 31 அன்று நிறையும் வயதே கணக்கில் கொள்ளப்படுவதால், டிசம்பர் கடைசியில் பிறந்தவர் ஏறத்தாழ ஓராண்டு முன்னதாகவே முதுமையின் பயனை நுகரத் தொடங்கிவிடுகிறார். 90 வயதுக்கு மேற்பட்ட வகுப்புகளிலோ போட்டியாளர் எண்ணிக்கை பரிசுகளின் எண்ணிக்கையை எட்டுவதே அரிது என்பதால், வந்து சேர்வதும் விதி பிறழாமல் நீந்தி முடிப்பதுமே பெரும்பாலும் வெற்றிக்குப் போதுமானவை.

இவ்வாறு அழைக்கப்பட்ட கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் முதற்கருவி தகுதி நேரம் எனப்படும். இன்ன வயது வகுப்பினர் இன்ன தொலைவை இவ்வளவு நேரத்துக்குள் நீந்தியிருக்க வேண்டும் என்று அமைப்பு அறிவிக்கும் வரம்பே அது. ஆயினும் அவ்வரம்பை எட்டாதவரும் மூன்று போட்டிகள் வரை நீந்தலாம், எட்டியவர் மொத்தம் ஆறு தனிநபர் போட்டிகளில் நீந்தலாம் என்ற சலுகையால், இக்கருவி ஆள்களை விலக்குவதில்லை. அவர்கள் நீந்தும் தடவைகளை மட்டுமே குறைக்கிறது. மூன்று போட்டிகளுக்காக வருபவரும் ஆறு போட்டிகளுக்காக வருபவரைப் போலவே ஒரு கார், ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பெரும் பை, பொறுமைசாலியான வாழ்க்கைத்துணை ஆகியவற்றுடன்தான் வருகிறார் என்பதால், குளத்தில் குறைந்த நெரிசல் வாகன நிறுத்தத்திலும் நிழல் விழும் இடங்களிலும் குறையாமல் நிற்கிறது. இத்துறையில் அறியப்பட வேண்டிய அடிப்படை விதியும் இதுவே: நெரிசல் ஒழிக்கப்படுவதில்லை, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றப்படுகிறது.

நேரம் போதவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் பழி மெதுவாக நீந்துபவர்கள் மீதே விழுகிறது. கணக்கு இதனை ஏற்பதில்லை. மாஸ்டர்ஸ் தேசியப் போட்டிகளில் தகுதிச் சுற்று, அரையிறுதி என்ற படிகள் இல்லை. ஒவ்வொருவரும் ஒரே ஒருமுறை நீந்த, அந்த நேரத்தைக் கொண்டே இடங்கள் முடிவாகின்றன. கயிறுகளால் பிரிக்கப்பட்ட எட்டுத் தடங்களில் எட்டுப் பேர் சேர்ந்து நீந்தும் ஒரு தொகுதிக்கு ஹீட் என்று பெயர். ஐம்பது கெஜ விரைவு நீச்சலுக்கு 480 பேர் பதிவுசெய்துள்ளதாகக் கொண்டால் அறுபது ஹீட்கள் ஆகும். நீச்சல் அரை நிமிடத்தில் முடிந்துவிட, முடித்தவர் மூச்சுவாங்கி, நேரப்பலகையைக் கண்ணாடியின்றிப் படிக்க முயன்று, பக்கத்துத் தடக்காரருடன் கைகுலுக்கி, ஏணியை நோக்கி மெல்ல நகர்ந்து, முழங்காலுடன் சிறு பேச்சுவார்த்தை நடத்திவிட்டுக் கரையேறுவதற்கு அதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. இந்த இடைவெளியில் ஹீட்டுக்கு அரை நிமிடம் மிச்சப்படுத்தினால் முழுதாக அரை மணி நேரம் கிடைக்கும். மாறாக, மிக மெதுவான ஆறு ஹீட்களை அடியோடு நீக்கி, 48 பேரை மனம் நோக ஊருக்கு அனுப்பினாலும், ஒரு ஹீட்டுக்கு இரண்டு நிமிடம் வீதம் பன்னிரண்டு நிமிடமே மிஞ்சும்.

இந்த உண்மையிலிருந்து பிறந்ததே தலைக்கு மேல் பாயும் தொடக்க முறை. முடித்தவர்கள் சுவரோரம் தண்ணீரிலேயே ஒதுங்கியிருக்க, அடுத்த ஹீட்டினர் அவர்கள் தலைக்கு மேலாகக் குதித்துத் தம் போட்டியைத் தொடங்குகின்றனர். பிறகே முந்தையவர்கள் வெளியேறுகின்றனர். கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருப்பவரின் நாற்காலியைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டு நிற்கும் அடுத்த பந்திக்காரரின் உரிமை, இங்கே விதியாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்கில் மட்டும், தொடங்குபவரே தண்ணீரில் இறங்கிச் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால், இம்முறை செல்லாது. மற்றவர் ஏறும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். மாஸ்டர்ஸ் விதிகள் மேடையிலிருந்து குதிக்கவும், குளக்கரையிலிருந்து குதிக்கவும், தண்ணீருக்குள்ளிருந்தே சுவரை உதைத்துத் தொடங்கவும் இசைவளிப்பதால், ஒரே தொடக்க ஒலிக்கு ஒருவர் வானிலும் ஒருவர் நீரிலுமாகப் புறப்படும் காட்சியும் காணக் கிடைக்கிறது.

நெடுந்தொலைவுப் போட்டிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே நீச்சலே நேரத்தை விழுங்குகிறது. 1500 மீட்டருக்கு 240 பேர் வந்து, ஒரு ஹீட்டுக்குச் சராசரி 25 நிமிடம் என்று கொண்டால், எட்டுத் தடக் குளமொன்றில் முப்பது ஹீட்களை முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் வேண்டும். காலையில் வந்த நடுவர்கள் நிலவொளியில் வீடு திரும்புவர். ஆகவே உலக நீச்சல் அமைப்பின் மாஸ்டர்ஸ் விதிகள் 400, 800, 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போட்டிகளில் ஒரே பாலினத்தவர் இருவரை ஒரு தடத்தில் நீந்தவிட அமைப்பாளருக்கு உரிமை வழங்கியுள்ளன. கணக்குப்படி நேரம் பாதியாகிறது. ஆனால் ஐம்பதாண்டுப் பயிற்சியால் தடத்தின் நடுக்கோட்டைத் தம் பிறப்புரிமையாகக் கருதிவிட்ட இருவருக்கு அதனைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலை நடுவருக்குக் கூடுகிறது. 1650 கெஜப் போட்டி 66 நீளங்களைக் கொண்டது. எத்தனையாவது நீளம் என்பது நீந்துபவருக்கு நினைவிருப்பதில்லை என்பதால், எண் பலகையைத் தண்ணீருக்குள் நுழைத்துக்காட்ட மறுமுனையில் ஒருவர் குந்தியிருக்கிறார். அவரை நீந்துபவரே தேடிக்கொண்டு வருவது வழக்கமாகையால், தடத்துக்கு இருவரை விடுவது குளக்கரையில் குந்தியிருப்போரையும் இரட்டிப்பாக்கி, மேற்கூறிய அடிப்படை விதியை மீண்டும் மெய்ப்பிக்கிறது.

நெடுந்தொலைவு ஹீட்களை வயதைப் பாராமல் வேகத்தைக் கொண்டே அமைப்பதும் நேரச் சிக்கனத்துக்காகவே. வேகத்தில் ஒத்தவர்கள் ஏறத்தாழ ஒன்றாகவே முடிப்பதால், ஒருவருக்காக எழுவர் காத்திருக்கும் நிலை நேர்வதில்லை. இதன் பக்கவிளைவாக 32 வயதினர் தமக்கு இருபுறமும் பாட்டனார் வயதினரைக் கண்டு முதலில் மகிழ்ந்து, பாதித் தொலைவு கடந்ததும் அம்மகிழ்ச்சியை மறுபரிசீலனை செய்கின்றனர். இந்த ஏற்பாடு முழுவதும், நீந்துபவர் விண்ணப்பத்தில் தாமே எழுதித்தரும் நேரத்தை நம்பி நிற்கிறது. அந்நேரம் சிலரிடம் சென்ற மாதத்து உண்மையாகவும், சிலரிடம் கல்லூரிக்காலத்து நினைவாகவும், வேறு சிலரிடம் மெதுவான ஹீட்டில் முதலாவதாக வந்து கைதட்டல் பெறுவதற்கான முன்னேற்பாடாகவும் அமைந்துவிடுகிறது.

உண்மையான நெரிசலைக் காண விரும்புவோர் போட்டிக் குளத்தை விட்டு, உடலைச் சூடேற்றிக்கொள்ளும் குளத்துக்குச் செல்ல வேண்டும். தகுதி நேரமோ ஹீட்டோ இல்லாத அக்குளத்தில், தலைகீழாகக் குதிக்கக் கூடாது, காலை முதலில் நீட்டி இறங்க வேண்டும், வலப்புறமாகவே சுற்றிவர வேண்டும் என்ற சில விதிகளே ஆட்சி செய்கின்றன. எண்பது வயதினரின் நிதானமான மார்பு நீச்சலும், இருபத்தைந்து வயதினரின் பட்டாம்பூச்சி நீச்சலும் அங்கே ஒரே தடத்தில் ஒன்றையொன்று மன்னித்துக்கொள்கின்றன. நால்வர் அடுத்தடுத்து நீந்தும் ரிலே போட்டிகள் அறிவிக்கப்பட்டதும், மீட்டர்க் குளங்களில் நால்வரின் வயதைக் கூட்டியே வகுப்பு அமைவதால், 280-ஐ எட்ட இன்னும் ஏழாண்டு குறைகிறதே என்று அணித்தலைவர்கள் பொருத்தமான முதியவரைத் தேடி இக்கூட்டத்துக்குள் புகுவதும் உண்டு.

இத்தனை இடையூறுகளுக்குப் பின்னும் தகுதி நேரத்தை மேலும் இறுக்கத் தயங்குவதற்கு வலுவான காரணம் உண்டு. பதக்கம் பெறுபவர் செலுத்தும் அதே கட்டணத்தைத்தான் முப்பத்தெட்டாவதாக வருபவரும் செலுத்துகிறார். குளத்தின் வாடகையும் நேரங்காட்டும் கருவிகளின் செலவும் அவ்வாறு வருவோரின் பெருந்திரளால்தான் ஈடாகின்றன. அதற்கும் மேலாக, 1970இல் அந்த மருத்துவர் மனத்தில் கொண்டிருந்தது இவரைத்தான். வேகமானவருக்கு நீந்த வேறு காரணங்கள் ஏற்கெனவே இருந்தன. ஆகவே காத்திருப்பை அனைவருக்கும் சமமாகப் பங்கிடும் போட்டியே நன்கு நடத்தப்பட்ட போட்டி என்று கொள்வது தகும்.

எஞ்சியிருக்கும் ஒரே தீர்வு, எவரும் விடுமுறைக்குச் செல்ல விரும்பாத ஊரில் போட்டியை வைப்பது. கலிஃபோர்னியாவும் ஃபுளோரிடாவும் கூட்டத்தைப் பெருக்குவது வெயிலாலும் கடற்கரையாலும் என்பதால், இவ்விரண்டும் அற்ற நகரமொன்றே நெரிசலுக்கு மலிவான மருந்து. ஆனால் போட்டியை நடத்த விழையும் நகரங்கள் தம் விண்ணப்பத்தில் சுற்றுலா இடங்களின் வண்ணப்படங்களையே இணைக்கின்றன. தம் ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று உறுதிமொழி இணைத்த விண்ணப்பத்தை எந்த நகரத்திடமிருந்தும் எதிர்பார்ப்பதற்கில்லை.