பாம்பு, கீரி, பசை: பழைய டிராக் கார் மாடல் கட்டுதல் குறித்த ஆய்வுரை

கால் மைல் என்பது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி, எந்த வளைவுமின்றி, இரண்டு கார்களில் எது அந்தத் தூரத்தை முதலில் கடக்கிறது என்று பார்ப்பதே டிராக் பந்தயம். அமெரிக்கத் தெருக்களில் நடந்துகொண்டிருந்த இதை ஒழுங்குக்குள் கொண்டுவர வாலி பார்க்ஸ் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். 1970 வாக்கில் முன்னணி வண்டிகள் அந்தத் தூரத்தை ஏறத்தாழ ஏழு வினாடியில் முடித்தன. அதே வண்டியின் பிளாஸ்டிக் மாடலை மேசையில் கட்டி முடிக்க ஒருவருக்கு ஏழு மாதம் ஆகிறது. இத்தகைய பெரும்பொருள் இதுகாறும் இலக்கணம் இன்றிக் கிடந்தமையால், பின்வரும் நூற்பாவை யாமே இயற்ற நேர்ந்தது:

ஏழ்நொடி ஓடும் ஊர்தி இயற்ற
ஏழ்மதி வேண்டும் என்ப, அவ்வழி
இயற்றிய ஊர்தி இயங்கா தாகும்.

உரை: ‘ஏழ்மதி’ என்றது உபலட்சணம். ஏழு ஆண்டு எடுத்தவரும், பள்ளிப் பருவத்தில் வாங்கிய பெட்டியை ஓய்வூதியம் வரத் தொடங்கிய மாதத்தில் திறந்தவரும் இதனுள் அடங்குவர். ‘இயங்காதாகும்’ என்றது சக்கரம் சுழலாது என்பதன்று. சுழலும். சுழற்றிப் பார்த்தவர் கையில் முன் அச்சு வந்துவிடும் என்பதே கருத்து.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டிகள் இரண்டு. டான் புரூடோம் என்ற பந்தய வீரருக்குப் ‘பாம்பு’ என்று பட்டப்பெயர். அவரோடு மோதிய டாம் மெக்யூவன், பாம்புக்கு எதிரி என்ற முறையில் ‘கீரி’ ஆனார். கீரிக்கும் பாம்புக்கும் விடுவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்க்கும் வித்தை நம் சந்தை மைதானங்களுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் பெறப்படும். 1970 பந்தயப் பருவத்தில் பொம்மை நிறுவனமான மேட்டல் தன் ஹாட் வீல்ஸ் பெயரில் இருவருக்கும் பணம் கொடுத்தது. பாம்புக்கு மஞ்சள் நிற பிளைமவுத் பாரகுடா, கீரிக்குச் சிவப்பு டஸ்டர். இரண்டும் ‘ஃபன்னி கார்’ வகை: அடியில் குழாய்ச் சட்டமும் எஞ்சினும், மேலே ஒரே துண்டாகக் கண்ணாடியிழைக் கூடு. கூட்டின் முன்பக்கத்தைத் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் ஓட்டுநர் உள்ளே நுழைய வேண்டும்.

மாடல் கிட் நிறுவனமான மோனோகிராம் இவ்விரண்டையும் 1/24 அளவில் பெட்டிக்குள் அடைத்தது. ஏ.எம்.டி., எம்.பி.சி. நிறுவனங்களின் கார்களோ பெரும்பாலும் 1/25. ஓரடிக்கு அரை அங்குலம் என்று வைத்தால் 1/24 வரும். 1/25 என்பது கார் விற்பனையகங்கள் கொடுத்துவந்த விளம்பர மாடல்களின் வழிவந்தது. வேறுபாடு நூற்றுக்கு நான்குதான். நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்பதில் அதைவிடக் கூடுதல் வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. ஆயினும் ஒரு சாராரின் எஞ்சினை மறுசாரார் தம் சட்டத்தில் ஏற்றமாட்டார்கள். இரு சாராரும் கால் மைல் ஓடுதளத்தையும் தத்தம் அளவில் அமைத்தால், முன்னவருடையது 16.76 மீட்டர், பின்னவருடையது 16.09 மீட்டர். இந்த 67 சென்டிமீட்டருக்காக நட்பை முறித்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் மாடல் கட்டாதவர்கள்.

பழைய கிட் ஒன்றை ஓலைச்சுவடியாகவே கொண்டு பாடம் பார்க்க வேண்டும். மூலம் என்பது உலோக வார்ப்பச்சு. 1958இல் ஏ.எம்.டி. தொடங்கிய ‘ஒன்றில் மூன்று’ கிட்டுகளில், ஒரே பெட்டியைக் கொண்டு காரைக் கடையில் விற்ற கோலத்திலோ, ஒப்பனை செய்தோ, பந்தயத்துக்கென்றோ கட்டலாம். மறு ஆண்டு புது கார் வந்ததும் அதே அச்சைத் திருத்திப் புதுக் கூட்டை வார்ப்பார்கள். அதோடு முந்தைய ஆண்டுப் பாடம் அழிந்தது. ஆகவே இன்று மறுபதிப்பு என்று கடைக்கு வருவதன் மேல்மூடியில் பழைய ஓவியம் இருக்கும். உள்ளே இருப்பது பிற்காலத்தவர் கைபட்டது. செய்முறைத் தாளின் எந்தப் படியிலும் இடம்பெறாத ஓர் உறுப்பு வார்ப்புச் சட்டத்தில் தொங்கினால் அதை இடைச்செருகல் என்று கொள்க. பொருந்தாத துளை இருந்தால், அங்கே முன்னொரு காலத்தில் வேறொன்று பொருந்தியிருந்தது என்று கொள்க.

முன்னொருவர் கட்டிக் கைவிட்டதை வாங்கினாலோ இன்னும் சிக்கல். மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை ஒட்டும் பசை வெறுமனே ஒட்டுவதில்லை. இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. பசை பட்ட விரலைக் கூரையில் வைத்த சிறுவன் தன் ரேகையை நிரந்தரமாகப் பதித்துவிட்டுப் போயிருப்பான். மணல்தாளால் தேய்த்து அதை அழிப்பது வரலாற்றுச் சான்றை அழிப்பதாகாதா என்ற வினா எழும். அழித்துவிடலாம் என்பதே எம் துணிபு. அவன் முன் கண்ணாடியிலும் தொட்டிருக்கிறான்.

இனி டயர். இதை விரித்துரைக்காமல் விட்டால் இவ்வாய்வு முழுமை பெறாது. டிராக் வீரர்கள் கிளம்புமுன் பின்சக்கரங்களை நின்ற இடத்திலேயே சுழற்றுவார்கள். ரப்பர் சூடேறினால் தரையைப் பற்றும், புகையும் எழும். கிட்டில் வரும் டயர் மென்மையான வினைல். அதை மென்மையாக்கக் கலந்த பொருள் காலப்போக்கில் வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை உருக்கும். பெட்டியை யாரும் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் முப்பது ஆண்டில் டயர் தன் சக்கரத்தையோ, பக்கத்தில் கிடந்த கதவையோ, காரின் கண்ணாடியையோ வட்டமாகத் தின்றுவிட்டிருக்கும். அதாவது, நூற்பாவில் ‘இயங்காதாகும்’ என்றோமே, அதற்கு இது புறனடை. வண்டி பெட்டிக்குள்ளேயே பந்தயத்தைத் தொடங்கிவிட்டது. புகை மட்டும் இல்லை. டயரைத் தனிப் பையிலிட்டு வைத்திருக்கலாமே என்பார் உளர். அந்த அறிவு டயர் உருக்கிய பின்னரே எவருக்கும் வருகிறது.

குரோம் உறுப்புகளைப் பற்றிச் சிறிதே சொல்லலாம். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய பூச்சு அது. அதன்மேல் பசை பிடிக்காது, அதன்கீழ் அச்சுக்கோடு மறையாது. எனவே பளபளப்புக்காக வாங்கியவர் பளபளப்பைச் சுரண்டியே ஒட்ட வேண்டும். சிலர் பிளீச்சிங் திரவத்தில் ஊறவைத்து முழுவதையும் கழற்றிவிட்டு, வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பழையபடி ஆக்குகிறார்கள். ஏன் என்று கேட்டோம். முன்னைவிட இயல்பாக இருக்கிறதாம்.

பெட்டியில் இல்லாததையும் சேர்ப்பவரே தலைமாணாக்கர். கிறைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினுக்கு எட்டு சிலிண்டர். உண்மை வண்டியின் 8 மில்லிமீட்டர் பிளக் ஒயர் 1/24இல் 0.33 மில்லிமீட்டர் ஆகும். அந்தப் பருமனில் எட்டுத் துண்டு எடுத்து, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவில் ஊசித் துளையிட்டு, 1-8-4-3-6-5-7-2 என்ற எரிவரிசை பிறழாமல் செருக வேண்டும். இந்த எஞ்சின் ஒருநாளும் எரியப்போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். வரிசையை மாற்றிச் செருகியவரைக் கண்டால் மட்டும், அது எரியாது என்று சொல்லிவிடுவார்கள்.

ஒட்டுப்படங்கள் வயதானால் மஞ்சளாகும். ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்தால் சில வாரத்தில் வெளுக்கும். பிறகு தண்ணீரில் இட்டதும் துண்டு துண்டாகும். முதலில் வார்னிஷ் பூசுக.

எஞ்சியிருப்பது காட்சிக்கு வைக்கும் முறை. கூட்டை மூடினால் ஒயர் தெரியாது. தூக்கினால் கூரையில் உள்ள படம் தெரியாது. பாதி தூக்குவோர் உளர். அது இரண்டையும் மறைக்கும். எனவே ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு, ஆகப் பாம்பு இரண்டு, கீரி இரண்டு என நான்கு கிட் வாங்குதலே முறை. நான்கையும் கட்டுவார்களா என்பது இலக்கணத்துக்குப் புறம்பு. காலிப் பெட்டியையும் செய்முறைத் தாளையும் மட்டும் விலைகொடுத்து வாங்குவோரும் சேகரிப்பாளரிடையே இருக்கிறார்கள். உருக்க டயர் இல்லை, உருகக் கதவு இல்லை. பெட்டி வந்து சேர்ந்த அன்றே அவர்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது.