அடுப்பங்கரைக்கு எத்தனை சதுர அடி?

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஊரில் வீடு கட்டிக் கொடுக்கிறவர் நீங்கள்; எதையும் சதுர அடியில் சொன்னால்தான் உங்களுக்கு மனம் ஆறும். பிரிட்டிஷ் வீடுகளில் சமையலறை எவ்வளவு பெரிசு, அந்தக் காலத்தைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்காகச் சொன்னால், 1960களில் கட்டிய வீடுகளில் சராசரி 160 சதுர அடிக்கும் மேல். 2010களில் கட்டிய வீடுகளில் சுமார் 145. ஆனால் இந்த இரண்டு எண்களை வைத்து அடுப்பங்கரை சுருங்கிவிட்டது என்று திண்ணையில் தீர்ப்பு வழங்கிவிடாதீர்கள். இந்த நாட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று பார்த்துச் சமையலறைக்கு இடம் விட்டவர் யாருமில்லை. அங்கே யார் நிற்கப்போகிறார்கள் என்று பார்த்துத்தான் விட்டார்கள். வேலைக்காரி நின்றவரை அது நிலவறையில் கிடந்தது. வீட்டம்மாள் தனியாக நின்றபோது கொல்லைப்புறத்துப் பொந்தானது. வீட்டு ஐயா கையில் ஒயின் கிளாசுடன் வந்து நிற்கத் தொடங்கியதும் நடுக்கூடமாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது.

விக்டோரியா காலத்துப் பணக்கார வீட்டில் சமையலறை பெரியதுதான். ஆனால் எஜமானர் அதை வாழ்நாளில் எத்தனை முறை பார்த்திருப்பார் என்பது சந்தேகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டுவேலை செய்த பெண்கள் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல். அடுப்புச் சூடும் முட்டைக்கோஸ் நாற்றமும் அவர்களோடு கீழேயே இருந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சாப்பாடு மாடிப்படி ஏறி வருவதற்குள் ஆறிப்போகும். கௌரவம் சூடாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். தொழிலாளி வீட்டுக் கதை வேறு. வரிசை வீட்டின் பின்னறையில் நிலக்கரி அடுப்பு. அங்கேதான் சமையல், சாப்பாடு, துணி உலர்த்தல், சனிக்கிழமை தகரத்தொட்டிக் குளியல், எல்லாமே. அதற்கும் பின்னால் பாத்திரம் துலக்க ‘ஸ்கல்லரி’ என்று ஒரு சின்ன அறை. வீட்டிலேயே நல்ல அறையான முன்னறையைப் பாதிரியார் வரும் நாளுக்கும் பிணம் கிடத்தும் நாளுக்குமாகப் பூட்டி வைத்திருப்பார்கள். லீட்ஸ், பர்மிங்காம் நகரங்களில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகளில் அந்த வசதியும் இல்லை. கீழே இருந்த ஒரே அறைதான் எல்லாவற்றுக்கும்.

முதல் உலகப்போர் முடிகிற நேரத்தில், 1918இல், தொழிலாளர் வீடுகள் எப்படி இருக்கவேண்டும் என்று டியூடர் வால்டர்ஸ் குழு ஓர் அறிக்கை தந்தது. குடும்பம் புழங்கும் அறைக்கு 180 சதுர அடி, ஸ்கல்லரிக்கு 80. அந்த 80 கஞ்சத்தனத்தால் வந்ததல்ல. பெரிதாக விட்டால் ஜனங்கள் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுக் குடித்தனம் நடத்திவிடுவார்கள் என்று அன்றைய சீர்திருத்தவாதிகளுக்குக் கவலை. அதே ஆண்டில் லேடி எமட் தலைமையில் பெண்களுக்கென்று அமைத்த துணைக்குழு, இல்லத்தரசிகளிடமே போய் விசாரித்தது. அடுப்பு வேலை, தண்ணீர் வேலை இரண்டும் குடும்பம் உட்காரும் அறையை விட்டுப் போகட்டும் என்பது பெண்களின் விருப்பமாக இருந்தது. ஆக, சமையல் ஸ்கல்லரிக்குள் போயிற்று, அறைதான் வளரவில்லை. 1930களில் புறநகரெங்கும் இரண்டிரண்டாக ஒட்டி முளைத்த ஜோடி வீடுகளிலும் இதே கதை: முன்னே ஒரு பெரிய அறை, நடுவே ஒரு பெரிய அறை, மூலையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே காத்திருக்க வேண்டிய சமையலறை. லண்டன் ஹாரோ பக்கம் நம்மவர்கள் பலர் குடியிருப்பது இப்படிப்பட்ட வீடுகளில்தான்.

இரண்டாம் போருக்குப் பிறகு வேலைக்காரி என்ற இனமே அரிதாகிவிட்டது. 1944ஆம் ஆண்டுச் சட்டப்படி குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்காகச் சுமார் 1,56,000 தற்காலிக வீடுகள் தொழிற்சாலையில் செய்து நட்டார்கள். வீடு சிறியது, ஆனால் சமையலறையில் அலமாரியோடு சேர்த்துப் பொருத்திய ஃப்ரிட்ஜ்! மாளிகைக்காரர் பலரிடம் இல்லாத பொருள். அதன்பின் வந்தது 1961இன் பார்க்கர் மாரிஸ் அறிக்கை. உங்கள் தொழில்காரர்கள் கும்பிட வேண்டிய அறிக்கை அது. அறைக்கு இத்தனை அடி என்று சொல்வதை விட்டுவிட்டு, அறையில் என்ன நடக்கும் என்று கேட்டது. ஸிங்குக்கு இரு பக்கமும் மேடை, அடுப்புக்கு இரு பக்கமும் மேடை, நடுவில் கதவு குறுக்கிடக்கூடாது, பொருள் வைக்க 80 கன அடி, உட்கார்ந்து சாப்பிட இடம். 1969 முதல் உள்ளாட்சி வீடுகளுக்கு இது கட்டாயம். 1980இல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். 2015இல் இங்கிலாந்துக்கு ஒரு தேசிய இட அளவுகோல் வந்தது. இருவர் படுக்கும் அறை குறைந்தது 11.5 சதுர மீட்டர் என்கிறது. சமையலறைக்கு எத்தனை என்று தேடினால் எண்ணே இல்லை.

இனி அந்த 145க்கு வருவோம். எல்.ஏ.பி.சி. வாரன்டி என்ற கட்டட உத்தரவாத நிறுவனம் 2018இல் பத்தாயிரம் வீடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட கணக்கு அது. 1970களில் கட்டிய வீட்டின் சராசரி மொத்தப் பரப்பு சுமார் 900 சதுர அடி, புதிய வீட்டில் 730. ஹால் 268இலிருந்து 184ஆகத் தேய்ந்துவிட்டது. சமையலறை தன் உச்சத்திலிருந்து இழந்தது எட்டில் ஒரு பங்குதான். நிலத்தின் விலைதான் காரணம் என்பார்கள். விலை ஏறியதால் வீடு சுருங்கியது உண்மை. ஆனால் விலைக்கு எந்த அறை என்று தெரியாது. வெட்டுப்பட்டது ஹால், தப்பியது சமையலறை என்றால் அது வாங்குகிறவர் செய்த தேர்வு. இன்னொன்று, பழைய வீடுகள் விற்பனைக்கு வந்தபோது இருந்த நிலையில் எடுத்த கணக்கு இது. பல வீடுகளில் சுவரை எப்போதோ இடித்தாயிற்று. பின்பக்கம் 3 மீட்டர்தான் நீட்டலாம் என்றிருந்த, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு 2013இல் 6 மீட்டர் வரை விதியைத் தளர்த்தினார்கள். கொல்லைப்புறங்கள் கண்ணாடிக் கூரைக்குக் கீழே போய்விட்டன.

சின்னச் சமையலறைதான் கெட்டிக்காரத்தனம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. 1926இல் ஜெர்மனியில் மார்கரெட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறை ஏறக்குறைய 70 சதுர அடிதான். கை நீட்டினால் எல்லாம் எட்டும். சரியான வாதம். ஆனால் அது ஒருத்தி மட்டும் நின்று சமைக்கப் போட்ட கணக்கு. பிரிட்டிஷ் சமையலறையில் வாஷிங் மெஷினும் நிற்கும் சித்தப்பா. குளியல்தொட்டிக்குப் பக்கத்தில் சாதாரண பிளக் பாயிண்ட் வைக்க மின்விதி விடாது. சின்னக் குளியலறையில் வேறு இடமும் கிடையாது. ஆகவே துணி துவைப்பதும் தோசை வார்ப்பதும் அருகருகே. அதற்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசை, அதற்கும் அப்பால் சோபா, டி.வி. எல்லாம் ஒரே அறை. எல்லாமே சமையலறைக் கணக்கில் ஏறிவிடும். கடுகு வெடித்தால் சோபா மெத்தை மூன்று நாள் மணக்கும். நடுவில் தீவு மாதிரி ஒரு மேடை வேறு. அதில் காய் நறுக்குகிறவர்களைவிட அதைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறவர்களே அதிகம். சுவர் போனபோது சுவரில் மாட்டிய அலமாரியும், சுவரை ஒட்டிய மேடையும் சேர்ந்தே போயின என்பதை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. பரப்பு கூடியது, பாத்திரம் வைக்க இடம் கூடவில்லை.

இனிமேல் யாராவது லண்டனில் வீடு வாங்கினேன் என்று வரைபடம் அனுப்பினால் சமையலறை எத்தனை சதுர அடி என்று கேட்காதீர்கள்; மேடை எத்தனை அடி நீளம், அலமாரி எத்தனை கன அடி என்று கேளுங்கள். சித்தி ஆசையாக எடுத்து வைத்திருக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டரை யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம். மிக்ஸி போதும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்