பத்துக் கிலோ குறைத்த பெருமை

கூரை திறக்கும் காடியை வைத்துக்கொள்ளக் கூடாத ஊர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால், எங்கள் புக்கிட் செந்தோசாவுக்கு அதில் நல்ல இடம் கிடைக்கும். காலையில் கூரையைத் திறந்தால் மண்டை காயும். பிற்பகலில் திறந்தால் மழை பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் திறந்தால், முன்னால் போகிற செம்பனைக் குலை லாரியின் புகை நேராக மூக்குக்கு வந்து சேரும். இவ்வளவும் தெரிந்தே, ஐம்பதை நெருங்கும் வயதில், இரண்டே இருக்கையுள்ள ஒரு பழைய ஜப்பான் காடியை வாங்கினேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்தது எதிலும் காடியின் குற்றம் இல்லை.

"பிள்ளைங்கள எங்கங்க உட்கார வைப்பீங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். பதில் இல்லாததால் நான் பொறியியலில் இறங்கினேன்.

வேகத்துக்கு எதிரி எடை என்பது எனக்கு அப்போது வேதவாக்கு. இந்தப் பித்துக்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. 1996-இல் நம் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸை வாங்கியதிலிருந்து, சாப்பாட்டுக் கடைகளில் தே தாரிக் ஆறும்வரை லோட்டஸ் பேச்சு பேசிய தலைமுறை எங்களுடையது. லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மனுக்கு ஒரே கொள்கை: காடி இலேசாக இருக்க வேண்டும். அவர் அதற்காகச் சட்டத்தையும் உடற்கூட்டையும் புதிதாக வடிவமைத்தார். நான் ஸ்பேர் டயரை எடுத்து வீட்டில் வைத்தேன். ஹூலு யாம் வளைவுச் சாலையில் டயர் பஞ்சரானதும், மச்சானின் வண்டிக்காக மழையில் காத்திருந்ததும் தனிக் கதை. கல்யாண வீடுகளில் மச்சான் அதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

புத்திசாலி அத்தோடு நிறுத்தியிருப்பான். நான் காடிக்கு அடியில் படுத்தேன்.

முன் பம்பருக்குப் பின்னாலும் பின்பக்க மூலையிலும் இரும்புக் கட்டிகள் தொங்கின. அவற்றுக்கு ஒயர் இல்லை, குழாய் இல்லை. எதையும் தாங்கவில்லை, எதையும் சுழற்றவில்லை. கையால் தள்ளினால் கொஞ்சம் அசைந்தன, அவ்வளவுதான். வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிறவர்களை நான் பணியிடத்தில் பார்த்திருக்கிறேன். காடியிலும் அப்படி ஆள் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி, விரல் முட்டியில் தோல் உரிந்து, ஒருவழியாக எல்லாவற்றையும் கழற்றினேன். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசில் வைத்தால் மொத்தம் பத்துக் கிலோவுக்குச் சற்றுக் கீழே.

"பத்துக் கிலோ குறைக்கணும்னு டாக்டர் சொன்னது காடிக்கா?" என்றாள் அவள்.

அன்று மாலையே ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு பழைய பேப்பர் லாரி வந்தது. இரும்பை எடை போட்டுக் கொடுத்தேன். கிடைத்த வெள்ளி, ரொட்டி சானாய் பசியாறப் போதுமானதாக இருந்தது.

முதல் ஓட்டத்தில் காடி பறந்தது. சத்தியமாகப் பறந்தது. கணக்கு வேறு விதமாகச் சொல்லும்: ஆயிரம் கிலோ காடியில் பத்துக் கிலோ என்பது நூற்றில் ஒன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. எண்ணெய் ஊற்றும்போது பதின்மூன்று லிட்டரைக் குறைத்திருந்தால் அதே எடை குறைந்திருக்கும், விரல் தோலும் மிஞ்சியிருக்கும். ஆனால் சொந்தக் கையால் கழற்றியவனுக்குக் கணக்கு ஏறாது.

உதறல் சில நாளில் கண்ணுக்குத் தெரிந்தது. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம், லாரிகள் குழி பறித்த சாலையில் போனபோது நடுக் கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. ஸ்டேரிங் கைக்குள் நடுங்கியது. கதவு தன்பாட்டுக்குப் பேசத் தொடங்கியது. இதற்கெல்லாம் நான் காரணமாக இருக்க முடியாது என்பதில் உறுதியாக இருந்தேன். டயர் பேலன்சிங் செய்தேன். அலைன்மெண்ட் பார்த்தேன். எஞ்சின் மவுண்டிங் மாற்றினேன். காடியிலிருந்து இறங்கிய எடையைப்போல் பணப்பையிலிருந்தும் இறங்கியது.

கடைசியில் தாமான் முனையில் இருக்கும் போமன் தம்பியிடம் போனேன். அவன் அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தான்.

"அண்ணே, இங்க தொங்கிக்கிட்டிருந்தது எங்க?"

"எது தம்பி? வாங்கும்போதே இல்ல போலருக்கு."

"போல்ட்டு தழும்பு புதுசா இருக்கேண்ணே."

காடி ஓட்டத் தெரியாதவனுக்குக்கூட அந்தக் குரலின் பொருள் விளங்கும்.

அவன் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் இதுதான். கூரை உள்ள காடி ஒரு மூடிய பெட்டி. கூரையை எடுத்துவிட்டால், மூடி இல்லாத பிஸ்கட் டின்னை இரு கையால் முறுக்குவதுபோல் முறுக்கலாம். அதற்காக அடித்தளத்தில் கூடுதல் இரும்பு வைத்து விறைப்பாக்குகிறார்கள். அப்படியும் நடுக்கம் கொஞ்சம் மிஞ்சும்: சக்கரம் குழியில் விழுந்தால் உடம்பு முழுக்க நொடிக்குப் பத்து முதல் இருபது தடவை உதறும். அதே வேகத்தில் ஆடும்படி அளந்து ஓர் எடையை ரப்பரில் தொங்கவிட்டால், காடி ஒரு பக்கம் போகும்போது எடை மறுபக்கம் இழுக்கும். காடியின் ஆட்டத்தை எடை வாங்கிக்கொள்ளும், ரப்பர் அதைச் சூடாக்கிக் கரைத்துவிடும். ஜெர்மானியரான ஹெர்மன் பிராம் 1909-இலேயே இந்த வித்தைக்குக் காப்புரிமை கோரினார். கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரங்களுக்கு நடுவே உள்ள வான்பாலத்தின் சாய்ந்த கால்களுக்குள் இப்படிப்பட்ட எடைகள் இருக்கின்றன. தைப்பே 101 கட்டடத்தின் உச்சிக்கு அருகே 660 டன் உருண்டையே தொங்குகிறது. நல்லவேளை, அந்தக் கட்டடம் என் பொறுப்பில் இல்லை.

விளங்கியதும் திருந்தியிருக்கலாம். எனக்கு இன்னொரு யோசனை தோன்றியது. மகன் உடற்பயிற்சிக்கு வாங்கி, துணி காயப்போடப் பயன்பட்டு வந்த டம்பெல் தட்டுகள் வீட்டில் இருந்தன. அதே ஓட்டையில், அதே எடைக்குத் தட்டுகளை வைத்து இறுக்கி முடுக்கினேன். உதறல் ஓர் இம்மியும் குறையவில்லை. குறைத்த பத்துக் கிலோ மட்டும் திரும்ப ஏறிக்கொண்டது. உதறலும் போகாமல், இலேசும் போய், மகனிடம் பேச்சும் வாங்கினேன்.

"எடை மட்டும் போதாதுண்ணே, ரப்பர்தான் முக்கியம். நீங்க இறுக்கி வச்சிட்டீங்க, அது எப்படி ஆடும்?" என்றான் தம்பி.

இந்த இடம்தான் எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா தோட்டத்தில் விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர். அவருடைய உழைப்புக் காலத்தில் உலகிலேயே அதிக இயற்கை ரப்பர் தந்த நாடு மலேசியா. கித்தாப் பாலின் நாற்றத்திலேயே வளர்ந்த நான், அந்தக் கித்தா போய்ச் சேர்ந்த இடம் டயரும் கையுறையும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கலிபோர்னியாவின் ராஞ்சோ குகமோங்காவில் 1985-இல் கட்டி முடித்த நீதிமன்றக் கட்டடம் ரப்பர்த் தாங்கிகளின் மேல் நிற்கிறது. நிலநடுக்கத்தைச் சமாளிக்க அமெரிக்காவில் அப்படி எழுந்த முதல் கட்டடம் அதுதான். அந்த ரப்பர்க் கலவையை உருவாக்கியது, மலேசிய ரப்பர்த் தொழிலின் பணத்தில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வுக்கூடம். 2014-இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலத்திலும் இயற்கை ரப்பர்த் தாங்கிகள் உண்டு. பூமியின் குலுக்கலையே வாங்கிக்கொள்ளும் பொருளை, பால்வெட்டுக்காரரின் மகன் இரும்போடு சேர்த்துப் பழைய பேப்பர் லாரியில் ஏற்றியிருக்கிறேன். இரும்புக்காவது காசு கொடுத்தார்கள். ரப்பருக்கு அதுகூட இல்லை.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று பாக்கி. எடைதான் வேகத்துக்கு எதிரி என்று சாதித்தேனல்லவா? 2006 மார்ச் 19-ஆம் தேதி, நம் செப்பாங் ஓட்டத்தளத்தில் நடந்த பார்முலா ஒன் பந்தயத்தில் ரெனோ அணியின் பிசிகெல்லா முதலாவதாகவும், அலோன்சோ இரண்டாவதாகவும் வந்தார்கள். ஒவ்வொரு கிராமையும் எண்ணிக் குறைக்கும் அந்தப் பந்தயத்தில், ரெனோ பொறியாளர்கள் காடியின் மூக்குக்குள் ஸ்பிரிங்கில் ஆடும் ஓர் எடையை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். அது ஆட்டத்தை வாங்கிக்கொண்டதால் டயர் தரையை விடாமல் பிடித்தது. அந்த ஆண்டு நடுவிலேயே பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பு அதற்குத் தடை போட்டது. அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது. அந்தப் பந்தயத்தை நான் தொலைக்காட்சியில் முழுக்கப் பார்த்தவன். ரெனோவுக்காகக் கைதட்டியவன்.

முடிவு சுருக்கமானது. ஹாப்கட் கடை ஒன்றில், இதே மாடலை வெட்டி எடுத்த சாமான்களுக்கு நடுவில், அதே கட்டிகள் ரப்பரோடு கிடந்தன. கடைக்காரர் சொன்ன விலையைப் பழைய பேப்பர் லாரி கொடுத்த காசோடு ஒப்பிட்டு இங்கே எழுதினால், வீட்டில் இந்தப் பத்தியைப் படிக்கிற ஒருவருக்கு உண்மை தெரிந்துவிடும். போமன் தம்பி அரைமணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தான். உதறல் முழுக்கப் போகவில்லை. கூரை இல்லாத காடியில் முழுக்கப் போகவும் போகாது. ஆனால் பின்னால் வரும் லாரி இப்போது ஒன்றாகத்தான் தெரிகிறது.

காடியின் எடையைக் குறைக்க நினைப்பவர்களுக்குச் சொல்வேன்: அடியில் படுக்காதீர்கள், முதலில் டிக்கியைத் திறங்கள். என்னுடையதில் கோயிலுக்கென்று வாங்கி மறந்த தேங்காய்கள், பாதி சிமெண்ட் மூட்டை, ஒடிந்த குடைகள், தண்ணீர் வாளி எல்லாம் இருந்தன. எடுத்து அதே தராசில் வைத்தேன். பத்துக் கிலோவைத் தாண்டியது.