ஆண்ட பரம்பரைக் கால்பந்து

ஆண்ட பரம்பரை என்று மார்தட்டுகிறவர்கள் நம்மூரில்தான் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கிலாந்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நூற்பாலை மூடிய எந்த ஊரில் இறங்கினாலும் அங்கே ஒரு கால்பந்து கிளப் இருக்கும். அது இரண்டாவது மூன்றாவது டிவிஷனில் முக்கிக்கொண்டிருக்கும். அதன் ரசிகர் மதுக்கடையில் உட்கார்ந்து, "இது எங்களுக்கான இடமே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். சரி, எதுதான் உங்கள் இடம் என்று கேட்டால் 1889 என்பார், 1926 என்பார், 1950 என்பார். இடம் கேட்டால் வருஷம் சொல்கிற மனிதர்கள் இவர்கள்.

வாழ்ந்து கெட்ட ஜமீனுக்கும் இவர்களுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். ஜமீன் வாரிசு தாத்தாவின் வெள்ளிக் கூஜாவை விற்றுச் சாப்பிடலாம். கிளப் வாங்கிய வெள்ளிக் கோப்பையை அடுத்த வருஷமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே மிஞ்சுவது வாய் மட்டும்தான். அந்த வாய் சொல்லும் பழம்பெருமையைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். இவர்கள் கீழே விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். மேலே ஏறிய கதைதான் வேடிக்கை.

முதலில் வாண்டரர்ஸ். 1872இல் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற லண்டன் கிளப். எப்படி வென்றார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் சுற்றில் ஹாரோ செக்கர்ஸ் என்ற எதிரணி வரவே இல்லை. இரண்டாம் சுற்றில் ஒரு வெற்றி. கால் இறுதி டிராவில் முடிந்தது. போனால் போகட்டும் என்று இரண்டு அணிகளையும் அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிட்டார்கள். அரை இறுதியில் கிளாஸ்கோவின் குவீன்ஸ் பார்க்குடன் மறுபடி டிரா. மறு ஆட்டத்துக்கு லண்டன் வரக் கையில் காசில்லாமல் ஸ்காட்லாந்துக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். ஆக, ஒரே ஒரு ஆட்டத்தை ஜெயித்துவிட்டு வாண்டரர்ஸ் இறுதிப் போட்டிக்கு வந்து சேர்ந்தது.

அங்கே ராயல் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவ அணியை 1-0 என்று வென்றார்கள். கோல் போட்டவர் மார்ட்டன் பெட்ஸ். ஆனால் அன்றைய ஆட்டத்தில் அவர் பெயர் 'ஏ. எச். செக்கர்'. முதல் சுற்றுக்கு வராமல் போன ஹாரோ செக்கர்ஸ் கிளப்பின் ஆள் என்பதால் அந்தப் புனைபெயர். வராத அணியின் ஆள் வந்துதான் முதல் எஃப்.ஏ. கோப்பையையே வாங்கிக்கொடுத்தார். அணியின் கேப்டன் சார்லஸ் ஆல்காக். இப்படியொரு போட்டி நடத்தலாம் என்று யோசனை சொன்னவர் யார்? எஃப்.ஏ. என்கிற கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். அவர் பெயர்? அதுவும் சார்லஸ் ஆல்காக்தான்.

அடுத்த வருஷம் இன்னும் சௌகரியம். போன முறை வென்றவர் நேரே இறுதிப் போட்டிக்கு வந்தால் போதும், மைதானத்தையும் அவரே தேர்ந்தெடுக்கலாம் என்று விதி. இறுதிப் போட்டி அன்று மத்தியானம் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகுப் போட்டி இருந்தது. கனவான்கள் அதைத் தவறவிடக் கூடாதே என்று இறுதிப் போட்டியைக் காலையிலேயே நடத்தி முடித்துவிட்டார்கள். கோப்பை மறுபடி வாண்டரர்ஸுக்கு. பிறகு 1876, 1877, 1878 என்று வரிசையாக மூன்று. மொத்தம் ஐந்து. அதற்கப்புறம் ஆட்டக்காரர்கள் அவரவர் படித்த பள்ளியின் பழைய மாணவர் அணிக்குப் போய்விட்டார்கள். ஐந்து கோப்பை வாங்கிய கிளப்புக்குப் பதினோரு பேர் தேறவில்லை. 1880களிலேயே கதை முடிந்தது. இந்த ஜமீனுக்கு அழ இன்று மதுக்கடையில் ஓர் ஆள்கூட இல்லை.

வாண்டரர்ஸ் விட்ட இடத்தை ஓல்டு இட்டோனியன்ஸ் என்ற சீமான்கள் பிடித்தார்கள். 1882இல் கோப்பை வென்ற சந்தோஷத்தில் அவர்களுடைய கேப்டன் கின்னெர்டு, பிற்பாடு பிரபு ஆனவர், மைதானத்திலேயே தலைகீழாக நின்றார். அடுத்த வருஷமே உலகம் தலைகீழாக நின்றது. தறி நெய்கிறவர், நூற்பாலைத் தொழிலாளி, பிளம்பர் என்று சேர்ந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி 2-1 என்று சீமான்களைச் சாய்த்தது. இறுதிப் போட்டிக்கு முன்னால் வேலைக்கு லீவு போட்டுக் கடற்கரை ஊரில் தங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஆட்டத்துக்காகப் பயிற்சி எடுப்பது ஆட்டத்துக்கே அவமரியாதை என்று நினைத்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. அதற்குப் பிறகு இன்றுவரை எந்த அமெச்சூர் கிளப்பும் அந்தக் கோப்பையை வென்றதில்லை.

ஏழைகள் வென்றார்கள், சுபம் என்று திரை போட்டுவிடலாம் என்றால், 1889இல் ஒலிம்பிக்கும் இழுத்து மூடப்பட்டது. அதே ஊரில் காசுள்ள இன்னொரு கிளப் இருந்தது, பிளாக்பர்ன் ரோவர்ஸ். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பாதியில் ஒரு கோழியோடு திரும்ப வரும்.

இப்போது பிரஸ்டன். பருத்தி ஆலை நிர்வாகி வில்லியம் சுடெல் இந்த கிளப்பை எடுத்து நடத்தினார். ஸ்காட்லாந்திலிருந்து நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார். ஆடுவதற்குச் சம்பளம் வாங்குவது அப்போது குற்றம். ஆகவே ஆளுக்கொரு வேலை போட்டுக்கொடுத்ததாகக் கணக்கு. 1884இல் சங்கம் கூப்பிட்டு விசாரித்தபோது மனிதர் மழுப்பவில்லை. ஆமாம், கொடுக்கிறோம், எல்லோரும்தான் கொடுக்கிறார்கள் என்று போட்டு உடைத்துவிட்டார். அடுத்த வருஷமே சம்பளம் சட்டபூர்வமானது.

அந்த பிரஸ்டன் 1887இல் ஹைட் என்ற அணியை 26-0 என்று அடித்தது. 1888 இறுதிப் போட்டிக்கு முன், சட்டை அழுக்காவதற்குள் கோப்பையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்களாம்; முதலில் ஜெயித்துவிட்டு வாருங்களேன் என்றாராம் நடுவர். தோற்றார்கள். அந்தக் கோபத்தை எல்லாம் சேர்த்துவைத்து, அடுத்த சீசனில் புதிதாகத் தொடங்கிய லீகில் 22 ஆட்டம் ஆடி 18 வெற்றி, 4 டிரா, தோல்வி பூஜ்யம். எஃப்.ஏ. கோப்பையும் அவர்களுக்கே, ஒரு கோல்கூட வாங்காமல். 1890இல் மறுபடி லீக் சாம்பியன்.

இத்தனைக்கும் பணம் ஏது என்ற கேள்விக்கு 1895இல் நீதிமன்றம் பதில் சொன்னது. ஊரார் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே என்று ஆலைப் பணத்தை எடுத்துத் தாராளம் காட்டியிருக்கிறார் சுடெல். மூன்று வருஷம் சிறை. வெளியே வந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். பிரஸ்டன் அதற்குப் பிறகு லீகை வென்றதே இல்லை. இடையில் டாம் ஃபின்னி என்ற மகா ஆட்டக்காரர் பிறந்தார், அந்த ஊரிலேயே கடைசிவரை ஆடினார். பிழைப்புக்கு பிளம்பர் வேலையும் பார்த்தார். அவராலும் அந்த ஒழுகலை அடைக்க முடியவில்லை. 1986இல் இங்கிலாந்து லீகின் 92 கிளப்களில் 91ஆவது இடம். லீகின் முதல் சாம்பியன், தயவுசெய்து எங்களை லீகில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற கிளப்களிடம் ஓட்டுக் கேட்டு நின்றது. ஓட்டு கிடைத்தது. அந்த வருஷமே மைதானத்தில் புல்லை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தரை போட்டார்கள்.

ஹடர்ஸ்ஃபீல்டு 1924, 1925, 1926 என்று மூன்று முறை தொடர்ந்து லீகை வென்ற முதல் கிளப். நடுவில் 1925இலேயே மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மனை ஆர்சனல் கொத்திக்கொண்டு போய்விட்டது. 1975இல் ஹடர்ஸ்ஃபீல்டு நான்காம் டிவிஷனில். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கதை வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை. உள்ளூர் லீகை ஒரே ஒரு முறை, 1978இல் வென்றது. ஐரோப்பியக் கோப்பையையோ 1979, 1980 என்று இரண்டு முறை. வீட்டில் ஒன்று, வெளியூரில் இரண்டு. 2005இல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது; ஐரோப்பிய சாம்பியன் ஒருவர் அந்த ஆழத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

போர்ட்ஸ்மவுத்தின் பெருமை தனி ரகம். 1939இல் எஃப்.ஏ. கோப்பை. மேனேஜர் ஜாக் டின் ராசிக்காக ஷூவுக்கு மேல் ஒரு துணி உறை மாட்டிக்கொள்வார். அதை ஃப்ரெடி வொரல் என்ற ஆட்டக்காரர்தான் குனிந்து மாட்டிவிட வேண்டும். ராசி எக்கச்சக்கமாக வேலை செய்துவிட்டது. நான்கு மாதத்தில் உலகப் போர் மூண்டது, போட்டி நின்றது, கோப்பை ஏழு வருஷம் அங்கேயே தங்கிவிட்டது. மிக நீண்ட காலம் எஃப்.ஏ. கோப்பையை வைத்திருந்த கிளப் என்ற சாதனைக்கு அவர்கள் நன்றி சொல்ல வேண்டியது ஹிட்லருக்கு. 1949, 1950இல் லீக் சாம்பியன். 2008இல் மறுபடி கோப்பை. 2009-10 சீசனில் மட்டும் நான்கு முதலாளிகள் மாறினார்கள். கடனில் மூழ்கி, திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் பிரீமியர் லீக் கிளப் ஆனார்கள். கோப்பை வாங்கி ஐந்தே வருஷத்தில், 2013இல், நான்காம் டிவிஷன்.

கோழிக்கு வருவோம். பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை உள்ளூர் எஃகு முதலாளி ஜாக் வாக்கர் காசை அள்ளி இறைத்து எழுப்பினார். ஆலன் ஷியரரை வாங்கினார். 1995இல் பிரீமியர் லீக் சாம்பியன். நான்கே வருஷத்தில் கீழ் டிவிஷன், பிறகு மறுபடி மேலே. 2010இல் கிளப்பை வாங்கியது நமக்கு நன்கு தெரிந்த புனே நிறுவனம்: ஃப்ரீசரில் கோழி விற்கும் வெங்கீஸ். ஆட்டக்காரர்களை உடைமாற்றும் அறையில் உட்கார்த்தி, கோழிக்கால் கடிக்கவைத்து விளம்பரம் எடுத்தார்கள். 2012 மே மாதம், தோற்றால் கீழே என்ற ஆட்டத்தில், கிளப் கொடியைப் போர்த்திய உயிருள்ள கோழி ஒன்றை யாரோ மைதானத்துக்குள் விட்டார்கள். அன்றைக்கு பிளாக்பர்ன் அணியில் துடிப்பாக ஓடியது அது ஒன்றுதான். ஆட்டம் போனது, டிவிஷன் போனது. 2017இல் மூன்றாம் டிவிஷன்.

நாட்ஸ் கவுன்டிக்கு வயது 1862இலிருந்து ஓடுகிறது. 1903இல் யுவென்டஸ் கிளப்புக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை இவர்கள் ஊரிலிருந்துதான் போனது. அதற்கு முன் இத்தாலிக்காரர்கள் ரோஸ் நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். சட்டை வாங்கிப் போட்டவர் உலகப் பிரபலம். கொடுத்தவர் 2009இல் நான்காம் டிவிஷனில் உட்கார்ந்திருந்தபோது, வளைகுடாப் பணம் வருகிறது என்று ஒரு கும்பல் வந்தது. இங்கிலாந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் எரிக்சனே இயக்குநராக வந்தார். சோல் கேம்பல் வந்தார், மோர்கம் ஊரில் ஒரே ஒரு ஆட்டம் ஆடித் தோற்றார், கிளம்பிவிட்டார். பணம் மட்டும் வரவே இல்லை. கடைசியில் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019இல் லீகைவிட்டே வெளியே போனது. திரும்பி ஏற 2023 ஆனது.

சிரிப்பு நிற்கிற இடம் பரி. 1903 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் டார்பி அணியை 6-0 என்று வென்ற ஊர். அந்தச் சாதனையை மான்செஸ்டர் சிட்டி சமன் செய்தது 2019 மே மாதம். அதே வருஷம் ஆகஸ்டில் பரி கிளப் லீகிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு பவுண்டுக்கு வாங்கிய முதலாளி, பரி என்று ஒரு கால்பந்து கிளப் இருப்பதே தனக்கு முன்பு தெரியாது என்று பேட்டியில் சொன்னார். அந்தக் கடைசி நாளில்கூட, ஆட்டம் நடக்கும் என்று நம்பி, ரசிகர்கள் துடைப்பத்தோடு வந்து மைதானத்தைக் கூட்டிப் பெருக்கினார்கள்.

ஆக, "எங்கள் இடம்" என்று ஒன்று யாருக்கும் இருந்ததில்லை. ஒருவருக்கு ஆல்காக், ஒருவருக்கு ஆலைப் பணம், ஒருவருக்கு ஹிட்லர், ஒருவருக்கு எஃகு முதலாளி. எல்லோரும் இன்னொருவரின் நாற்காலியைக் காலி செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கோப்பை வந்தது பெரும்பாலும் பணத்தாலும் தற்செயலாலும். கோப்பை போன பிறகு கிளப் இருப்பதற்கு மட்டும் காரணம் வேறு. போர்ட்ஸ்மவுத்தைக் காப்பாற்றியவர்கள் பழைய சாம்பியன்கள் அல்லர். 2013இல் தலைக்கு ஆயிரம் பவுண்டு போட்டுப் பங்கு வாங்கிய ரசிகர்கள். பரி ரசிகர்கள் மைதானத்தை மீட்டு, 2023இல் கீழ்மட்ட லீக் ஒன்றில் மறுபடி ஆடவைத்தார்கள். பெருமை பேசுவதை வேண்டுமானால் கேலி செய்யலாம், பேசிவிட்டுத் துடைப்பம் எடுப்பவர்களைச் செய்ய முடியாது.

நம்மூரில் மான்செஸ்டர் யுனைடெட் சட்டை போட்டுக்கொண்டு, நள்ளிரவில் டிவி முன்னால் கண்ணீர் விடும் தம்பிகளுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் கிளப் கடைசியாக லீகை வென்றது 2013இல். 2024-25 சீசனில் 15ஆவது இடம். தெரியும், வலிக்கும். ஆனால் பிரஸ்டன்காரர்கள் 1890இலிருந்து வரிசையில் நிற்கிறார்கள். முந்தாதீர்கள்.