ஷூட்டிங் ஸ்பாட் ஸ்பெஷல்: பெரியப்பா பதில்கள்

பள்ளி விடுமுறை வந்தாலே கேள்விப் பெட்டியில் ஊர் சுற்றும் கேள்விகள்தான். இந்த முறை எல்லாருக்கும் ஒரே ஆசை: கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் படம் எடுத்த இடங்களைப் பார்க்க வேண்டும். வாருங்கள், ஆளுக்கொரு பதில்.

அஜித் ரசிகர், காஜாங்: 'பில்லா' எடுத்த இடங்களை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா பெரியப்பா?

காலையில் பத்துமலை பார்க்கலாம். கிளைமாக்ஸ் தொங்குபாலம் லங்காவியில் இருக்கிறது, அதற்கு விமானம் ஏற வேண்டும். படத்தில் இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு வெட்டு. நிஜத்தில் நடுவே கடல்.

அவருடைய தம்பி, அதே காஜாங்: 'சேவற்கொடி' பாட்டில் அஜித் ஆடிய இடத்தில் நின்று முருகனோடு செல்ஃபி எடுக்க வேண்டும். எங்கே நிற்பது?

சிலையடியில் நின்றால் முருகனின் கால் விரல்தான் படத்தில் விழும். ஆள் 42.7 மீட்டர் உயரம். நுழைவாயில் பக்கம் பின்வாங்கி நில்லுங்கள், முழுசாக வருவார். ஆனால் 2007 படத்தில் பார்த்த படிக்கட்டைத் தேடாதீர்கள். 2018 ஆகஸ்டில் 272 படிகளுக்கும் வானவில் வண்ணம் அடித்துவிட்டார்கள். அனுமதி வாங்கினீர்களா என்று மரபுடைமைத் துறை கேட்டது. அது கேட்டு முடிப்பதற்குள் உலகமே கேமராவோடு வந்து இறங்கிவிட்டது.

சினிமா வரலாறு படிக்கும் மாணவி, பூச்சோங்: பத்துமலையைத் தமிழ்த்திரையில் முதலில் காட்டிய பெருமை 'பில்லா'வுக்குத்தானே?

இல்லை அம்மா. 1978-லேயே கே. சங்கரின் 'வருவான் வடிவேலன்' படக்குழு அங்கே போய்விட்டது. அப்போது இந்தப் பெரிய சிலை கிடையாது. அது 2006 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. கோயில் அதற்கெல்லாம் மூத்தது. தம்புசாமிப் பிள்ளை குகையில் வேல் நட்டார், 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. லூமியர் சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியது 1895 டிசம்பரில். பரீட்சையில் இப்படியே எழுதுங்கள்: சினிமாவைவிடப் பத்துமலைக் காவடி மூன்று வயது மூத்தது.

உள்ளூர்ப் பெருமையர், செலாயாங்: உலகத்திலேயே உயரமான முருகன் இன்னும் நம்ம முருகன்தானே?

2022 வரைக்கும். அந்த ஆண்டு சேலம் மாவட்டத்தில் முத்துமலை முருகன் 146 அடியில் எழுந்து நின்றார். நம்மவர் 140. இரண்டையும் செதுக்கியவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி. ஆறு அடிக்காக அழ வேண்டாம். ஜெயித்தவரும் முருகன், தோற்றவரும் முருகன்.

பயந்த சுபாவம், சுபாங்: பத்துமலைக் குரங்குகள் நிஜமாகவே பையைப் பிடுங்குமா?

கையில் நெகிழிப் பை ஆடினால், அது தனக்கு வந்த சீர்வரிசை என்றே குரங்கு நினைக்கும். வாழைப்பழத்தையும் குளிர்பானத்தையும் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். காலை ஏழரைக்குள் ஏறிவிடுங்கள். கடைசிப் படி தாண்டி உள்ளே போனால் சுண்ணாம்புக் கூரையிலிருந்து நீர் சொட்டும், தரை வழுக்கும். இன்னும் உள்ளே போனால் கூரை திறந்து வானம் தெரியும். அங்கே நின்று ஒரு நிமிஷம் போனைக் கீழே இறக்குங்கள். அந்த வெளிச்சம் எந்தத் திரைக்கும் முழுசாக வந்ததில்லை.

ரஜினி பக்தர், மதுரை: 'கபாலி' பார்த்துவிட்டுக் கோலாலம்பூர் வருகிறேன். கோட்டு சூட்டோடு தெருவில் நடக்கலாமா?

தாராளமாக. ஆனால் 'வெட்டு' என்றதும் குடை பிடித்து விசிறிவிட ரஜினிக்கு ஆள் இருந்தது. உங்களுக்கு 33 டிகிரி வெயிலும் நாலு மணி மழையும்தான் துணை. பருத்திச் சட்டைதான் இந்த ஊரின் கோட்டு.

அதே பக்தர்: படத்தில் வந்த தெருவெல்லாம் மலேசியாதானா?

பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரிலும் மலாக்காவிலும் எடுத்தார்கள். மிச்சத்தைச் சென்னையில் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டு தெரியாமல் எடுத்ததற்குப் பா. இரஞ்சித் குழுவுக்கு ஒரு கும்பிடு.

குழம்பிய குடும்பத் தலைவி, ஷா ஆலம்: சென்னையில் இருக்கும் என் தங்கை சொல்லும் 'கபாலி' முடிவும் நான் இங்கே பார்த்த முடிவும் வேறுவேறாக இருக்கிறதே?

இரண்டு பேரும் சரி. அங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் திரை இருண்டுவிடும், முடிவு உங்கள் ஊகம். இங்கே வெளியான பதிப்பில், கபாலி போலீஸில் சரணடைந்தான் என்று ஒரு வரி எழுதிப் போட்டார்கள். மலேசியத் தணிக்கையில் குற்றவாளிக்குத் தப்பிக்கும் வழி கிடையாது.

காதல் ஜோடி, கிள்ளான்: ட்வின் டவரில் ஷான் கானரி தொங்கிய பாலத்தில் நாங்கள் நடக்கலாமா?

டிக்கெட் வாங்கினால் நடக்கலாம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை. 'என்ட்ராப்மென்ட்' 1999-இல் வந்தது. பாலம் 41, 42-ஆம் மாடிகளில், தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு கோபுரங்களோடும் அதை இறுகப் பூட்டவில்லை. காற்றில் கோபுரம் அசையும்போது வழுக்கி இடம் கொடுக்கும். இறுக்கிக் கட்டியிருந்தால் விரிசல் விடும். கல்யாணத்துக்கு முன் பார்க்க வேண்டிய பாலம்தான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், பெட்டாலிங் ஜெயா: 'என்ட்ராப்மென்ட்' படத்தின் மேல் அன்றைய பிரதமர் மகாதீருக்கு ஏன் கோபம்?

மலாக்கா ஆற்றோரக் குடிசைகளைப் படம் பிடித்து, கோபுரத்தின் அடியில் இருப்பது போல ஒட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர் இருக்கிறது. கத்திரிக்கோல் வைத்திருப்பவன் ஊரின் மானத்தையும் கையில் வைத்திருக்கிறான் என்று சினிமாக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கோபம் நியாயம்.

பாலிவுட் பிரியை, செராஸ்: ஷாருக் கானுக்கு டத்தோ பட்டம் கொடுத்தது ட்வின் டவரில் 'டான்' எடுத்ததற்கா?

இல்லை. பட்டம் கொடுத்தது மலாக்கா, 2008-இல். 2001-இல் வந்த 'ஒன் டூ கா ஃபோர்' படத்தின் பாட்டுக் காட்சியில் மலாக்காவைக் காட்டியதற்கு. ஒரு பாட்டுக்கு ஒரு டத்தோ. நம்ம உள்ளூர் இயக்குநர்கள் படம் முழுக்க இந்த நாட்டையே காட்டுகிறார்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் மருமகள், ஜொகூர்: 'க்ரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் வரும் சிங்கப்பூர்ப் பாட்டி வீடு சிங்கப்பூரில் எங்கே இருக்கிறது?

கோலாலம்பூரில் இருக்கிறது. கார்கோசா ஸ்ரீ நெகாரா, தாவரவியல் பூங்காவை ஒட்டிய மேட்டில். 1890-களின் இறுதியில் ஆங்கிலேய ரெசிடன்ட் ஜெனரல் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாமுக்காகக் கட்டிய மாளிகை. கதை சிங்கப்பூருடையது, வீடு நம்முடையது. கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மூடியிருந்தால் பூங்கா இருக்கிறது, அதற்குக் காசில்லை.

சண்டைப்பட ரசிகன், ரவாங்: ஜாக்கி சான் நம்ம ஊரில் ஹெலிகாப்டரில் தொங்கினாராமே?

தொங்கினார். 1992-இல், 'போலீஸ் ஸ்டோரி 3' படத்தில். கீழே கோலாலம்பூர், மேலே கயிற்றேணி. அதே படத்தில் ஓடும் ரயில் மேல் மோட்டார் சைக்கிளோடு பாய்ந்தவர் ஈப்போப் பெண் மிஷெல் யோ. ஆஸ்கார் அவர் கைக்கு வர 2023 ஆகிவிட்டது. பாய்ந்தது உடனே, பரிசு முப்பது வருஷம் கழித்து.

இன்ஸ்டாகிராம் தங்கை, பிரிக்ஃபீல்ட்ஸ்: எங்கள் தெருவில் படம் எடுக்க நல்ல இடம் எது?

ஜாலான் துன் சம்பந்தனில் விவேகானந்தா ஆசிரமம். நூறு வயது தாண்டிய கட்டடம். 2014-இல் அங்கே அடுக்குமாடி வரப் போகிறது என்ற பேச்சு எழுந்ததும் ஊர் கொதித்தது, கட்டடம் தப்பியது. லிட்டில் இந்தியா வளைவுகள் 2010 அக்டோபரில் மன்மோகன் சிங் வந்தபோது திறந்தவை. ஆசிரமம் தாத்தா, வளைவு பேரன். முதலில் தாத்தாவைப் படமெடுங்கள்.

ஒன்று மட்டும். நடைபாதையில் புடைத்த மஞ்சள் கட்டைகள் பதித்திருக்கும். பார்வையற்றோர் சங்கம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, வெள்ளைத்தடி அந்தக் கட்டையைத் தட்டித்தான் வழி கண்டுபிடிக்கும். அதன் மேல் முக்காலி வைக்காதீர்கள். உங்களுக்கு அது பின்னணி, அவர்களுக்கு அதுதான் பாதை.

ரயில் பைத்தியம், செந்தூல்: சினிமா தவிர பிரிக்ஃபீல்ட்ஸில் என்ன பார்ப்பது?

கோலாலம்பூர் 1881-இல் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. மரமும் ஓலையும் வேண்டாம், செங்கல்லில் கட்டு என்றார்கள். சூளைகள் இங்கே எழுந்தன. அப்புறம் ரயில்வே வந்தது, ரயில்வேயோடு யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் வந்தார்கள், அவர்களோடு ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயில் வந்தது. இன்று கே.எல். சென்ட்ரல் நிற்பது பழைய ரயில் பெட்டிகள் நின்ற நிலத்தில். ஊரைக் கட்டியது நம்மவர் முதுகு, இதற்கு எந்தப் படத்திலும் டைட்டில் கார்டு கிடையாது.

பசித்த பயணி, திருச்சி: பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாடு?

மதியம் வாழையிலை, மாலையில் தே தாரிக்கும் வடையும், நள்ளிரவில் மாமாக் கடை ரொட்டி சானாய். நடுவில் நடந்துகொண்டே இருங்கள், இல்லையென்றால் திரும்பும்போது விமானத்தில் இரண்டு இருக்கை கேட்பார்கள்.

தீபாவளி அவசரக்காரர், காப்பார்: கிள்ளானுக்கு ஒரு நாள் போதுமா?

கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் கிள்ளான் நிலையத்தில் இறங்கலாம். தெங்கு கிளானா சாலை நடக்கும் தூரம்தான். ஒரு பக்கம் மல்லிகைச் சரத்தை முழம் போடுவார்கள், அடுத்த கடையில் முறுக்கு பொரியும், எதிரே பட்டுச் சேலை தொங்கும். மூன்று வாசனைக்கும் ஒரே மூக்கு, திணறித்தான் போகும். பெருமாள் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, ஆற்றின் மேல் இரண்டு தட்டாகக் கட்டிய கோத்தா பாலத்தைப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் காரில் போகாதீர்கள். ஷாப்பிங் ஒரு மணி நேரம், பார்க்கிங் மூன்று மணி நேரம்.

மூன்றாவது நாள் என்ன செய்வது என்று தெரியாதவர், கோயம்புத்தூர்: மாலும் கோபுரமும் பார்த்தாச்சு. வேறு?

கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவு. தீவுதான், ஆனால் பாலம் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. அங்கே வாழும் மா மேரி பழங்குடியினர் மரத்தில் செதுக்கும் முகமூடிகளைப் பாருங்கள். மால் உங்கள் ஊரிலும் இருக்கிறது.

பழைய பட ரசிகர், அம்பாங்: இங்கே நிஜமான ஸ்டூடியோ எதுவும் இருந்ததில்லையா?

இருந்தது, உங்கள் பக்கத்திலேயே. உலு கிளானில் மெர்டேக்கா ஸ்டூடியோ. பி. ரம்லி சிங்கப்பூரிலிருந்து 1964-இல் வந்து 18 படங்கள் இயக்கியது அங்கேதான். இப்போது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் அந்த வளாகத்தில் இருக்கிறது. செத்தாப்பாக்கில் ரம்லி வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது, போய்ப் பாருங்கள். அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன், மதராஸில் பிறந்த தமிழர். மலாய்த் திரையின் மகா கலைஞனை நாயகனாக நிறுத்தியது ஒரு தமிழ்க் கை. இதைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லாமல் தூங்காதீர்கள்.

தியேட்டர் விசிறி, ஜின்ஜாங்: லொகேஷன் பார்த்தது போதும். நல்ல தியேட்டர் ஒன்று சொல்லுங்கள்.

துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் கொலிசியம். 1920-களின் தொடக்கத்தில் கட்டியது. தமிழ்ப் படத்துக்கு விசில் அடித்துத் தலைமுறைகள் அங்கே வளர்ந்தன. படம் மோசமாக இருந்தாலும் கட்டடத்துக்கே காசு சரி.

வருங்கால இயக்குநர், சென்னை: கோலாலம்பூரில் படம் எடுக்க அனுமதி எப்படி?

வெளிநாட்டுக் குழு என்றால் முதலில் புஸ்பால் அமைப்பின் அனுமதி, அப்புறம் இடத்துக்குரியவரின் அனுமதி, ட்ரோன் என்றால் அதற்குத் தனி அனுமதி. பெரிய பட்ஜெட் என்றால் இங்கே செய்த தகுதியான செலவில் 30 விழுக்காட்டை ஃபினாஸ் திருப்பித் தரும் திட்டமும் உண்டு. சுற்றுலா வந்ததாகச் சொல்லிவிட்டுத் திருட்டுத்தனமாக எடுத்தால், முதல் காட்சியே குடிநுழைவுத் துறை அலுவலகத்தில்.

விசா கவலையர், கும்பகோணம்: விசாவுக்கு எவ்வளவு ஆகும்?

இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் வர அனுமதித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும் முன் அப்போதைய விதியை ஒருமுறை பாருங்கள். வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின் வருகை அட்டையை நிரப்புங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, காசு கேட்கும் இணையதளம் போலி.

கல்லூரி மாணவர், கோலசிலாங்கூர்: தோட்டத்து வாழ்க்கையைக் காட்டும் படம் எடுத்த தோட்டத்தைப் பார்க்க ஆசை. எங்கே போவது?

போய்ச் சேருவதற்குள் அது வீடமைப்புப் பகுதியாகியிருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கே பிறந்தவர்கள் புறம்போக்கு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் தள்ளப்பட்டார்கள். தோட்டம் போனது, கோயிலும் பள்ளியும் சில இடங்களில் மிஞ்சின. அந்தக் கதையைப் பார்க்க வேண்டுமென்றால் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) பாருங்கள். சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது வாங்கிய தமிழ்ப் படம். நிலம் போய்விட்டால் படம்தான் சாட்சி.

பொறுமை இழந்த ரசிகர், பந்திங்: சென்னையிலிருந்து அடுத்த பெரிய ஸ்டார் இங்கே ஷூட்டிங்குக்கு எப்போது வருவார்?

வரும்போது வரட்டும், மாலை போடுவோம். அவர்கள் நாற்பது நாள் எடுத்துவிட்டுப் போவார்கள். இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே கடன் வாங்கி, உங்கள் தெருவையும் உங்கள் பேச்சையும் படமாக எடுக்கிற பிள்ளைகள் ஊரை விட்டுப் போவதில்லை. அந்தப் படங்களுக்கு முதல் வாரம் கூட்டமில்லையென்றால் இரண்டாவது வாரம் காட்சியே இருக்காது. லொகேஷன் பார்க்கச் செலவழிக்கும் வெள்ளியில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். அடுத்த மலேசியத் தமிழ்ப் படம் வெளியாகும் வியாழக்கிழமையே குடும்பத்தோடு டிக்கெட் வாங்குங்கள்.